இரண்டு சீட் படகு

படகைப் பார்த்த எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: இதை எங்கே விடப்போகிறீர்கள்? புனேவில், ஔந்த் பகுதியில் எங்களுடையது பழைய பங்களா சொசைட்டி. வீட்டுக்கும் காம்பவுண்டு சுவருக்கும் நடுவே ஒரு நீண்ட சந்து உண்டு. அதன்மேல் தகரக் கூரை போட்டு, ஸ்கூட்டரையும் ஓடாத வாஷிங் மெஷினையும் வெளியே தள்ளிவிட்டுப் படகை உள்ளே கொண்டுவந்தோம். அது ஏறிவந்த டெம்போவைவிட நீளம். வால் முனையில் சிவப்புத் துணி கட்டி, மாலை நெரிசலில் அது ஊர்ந்து வந்தபோது, பின்னால் ஸ்கூட்டரில் வந்த நான் ஹாரன் அடித்தவர்களையெல்லாம் திட்டிக்கொண்டே வந்தேன். பின்சீட்டில் என் மனைவி சிரித்துக்கொண்டே வந்தாள்.

பந்தயப் படகு அது. இரண்டு பேருக்கானது, ஆளுக்கு இரண்டு துடுப்பு. மெல்லிய செடார் பலகையில் செய்தது. விரலால் தட்டினால் முறத்தைத் தட்டுவது போலச் சத்தம் வரும். கல்லூரி நாட்களில் முட்டா ஆற்றில் நாங்கள் ஓட்டியது இதே படகுதான் என்று அவள் சாதிப்பாள். எனக்கு நிச்சயமில்லை. போட் கிளப்பில் எல்லாம் ஃபைபருக்கு மாறிய பிறகு இது ஷெட்டின் பின்புறம் வெயிலிலும் மழையிலும் கிடந்தது. அடிப்பலகையில் என் கை நுழையும் அளவுக்கு ஓட்டை. நாங்கள் இருவரும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, அவள்தான் போய்க் கேட்டு வாங்கிவந்தாள்.

அவள் பிறந்து வளர்ந்தது புனேவிலேயே, கட்கியில். அப்பா ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். நான் கோயமுத்தூரிலிருந்து படிக்க வந்து ஹாஸ்டலில் கிடந்தவன். அந்த ஊரில் தமிழ் பேசுகிற பெண் என்பதற்காகவே முதலில் அவளோடு படகில் ஏறினேன் என்று சொன்னால் அவள் ஒப்புக்கொள்ள மாட்டாள். நான் துடுப்பைத் தண்ணீரில் சிக்கவைத்து ஆற்றில் விழுந்த கதையைத்தான் எல்லாரிடமும் சொல்வாள்.

இந்தப் படகில் இருவரும் போகிற திசைக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார வேண்டும். சீட்டுக்குக் கீழே சின்னச் சக்கரங்கள் உண்டு. இழுக்கும்போது சீட்டோடு சேர்ந்து உடம்பும் முன்னும் பின்னும் ஓடும். முகம் பார்க்கிற பக்கம் முன் சீட்டில் அவள், அவள் முதுகைப் பார்த்தபடி பின் சீட்டில் நான். அவள் இழுக்கிற வேகம்தான் எனக்கும் வேகம். அவள் திரும்பிப் பார்ப்பதே கிடையாது, நான் இருப்பேன் என்று அவளுக்குத் தெரியும். கல்யாணத்துக்குப் பிறகும் இந்த ஏற்பாடு மாறவில்லை என்று என் அம்மாவிடமே சொன்னவள் அவள்.

எங்கள் வீட்டுத் தமிழைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மராட்டியில் வேண்டாம் என்பதற்கு ‘நக்கோ’ என்பார்கள். அவள் அதைக் கட்கியிலிருந்து சீதனம் போலக் கொண்டுவந்தாள். இன்னொரு சப்பாத்தி? நக்கோ. சினிமாவுக்குப் போகலாமா? நக்கோ. புனேவில் பந்தியில் நக்கோ என்று சொன்னால் யாரும் விடமாட்டார்கள், இலையில் இன்னொன்று விழும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். அவள் நக்கோ என்றால் இன்னொரு தரம் கேள் என்று பொருள். நிஜமாகவே மறுக்கும்போது மட்டும் தமிழில் ‘வேண்டாம்’ என்பாள். அதற்கு மேல் பேச்சே கிடையாது.

தீபாவளி முடிந்து வேலையை ஆரம்பித்தோம். பழைய வார்னிஷைச் சுரண்டினோம், உளுத்த பலகையை வெட்டி எடுத்தோம், புதுப் பலகையை நீராவியில் வளைத்து ஒட்டினோம். வளைப்பது என் வேலை, அளப்பது அவள் வேலை. நான் இரண்டு பலகைகளை உடைத்தேன். மூன்றாவதை அவள் என்னிடம் கொடுக்கவில்லை. பக்கத்து வீட்டு மராட்டி மாமி, எங்களுக்குக் காக்கு, சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, இந்த வயதில் இது உங்களுக்குத் தேவையா என்று மராட்டியில் கேட்பாள். கூட ஓட்ட இவர் இல்லாவிட்டால் நானும் அதையேதான் கேட்பேன் என்று இவள் பதில் சொல்வாள். அந்தக் குளிர்காலம் போல நான் சந்தோஷமாக இருந்ததில்லை.

ஹோலி சமயத்தில் அடிப்பகுதி முடிந்து, சீட் ஓடும் தண்டவாளங்களைப் பொருத்துகிற கட்டம் வந்தது. அவள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். களைப்பாக இருக்கிறது என்று அப்போதெல்லாம் அடிக்கடி உட்கார்ந்துவிடுவாள். அங்கிருந்தே சொன்னாள், டபுள் சீட் நக்கோ, நடுவில் ஒரே சீட் போட்டுவிடு, துடுப்பைத் தாங்குகிற ரிக்கரையும் நடுவுக்கு மாற்று, நீ தனியாக ஓட்டலாம் என்று. எனக்குச் சிரிப்பு வந்தது. சோம்பேறி, இழுக்கிற வேலையெல்லாம் என் தலையில் கட்டப் பார்க்கிறாயா என்று கேட்டேன். சில நாள் கழித்து, இரண்டு சீட்டே போட்டுவிடலாமா என்று கேட்டேன். மறுபடி நக்கோ என்றாள். எங்கள் வீட்டு வழக்கப்படி நான் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டு, இரண்டு சீட்டுக்கும் சக்கரம் வரவழைத்தேன்.

முன் சீட்டின் முதல் ஸ்க்ரூவை வைத்து முறுக்கப் போனபோது அவள் எழுந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“ரெண்டு சீட்டு வேண்டாம்” என்றாள்.

தமிழில் சொன்னாள். அவள் அங்கேயே படகின் விளிம்பில் கை வைத்தபடி நின்று சொல்லிமுடித்தாள். கணையத்தில் வந்திருக்கிறது, அறுக்கிற நிலையைத் தாண்டிவிட்டது, அடுத்த தீபாவளியைப் பற்றி டாக்டர் எதுவும் சொல்ல மாட்டேன் என்கிறார் என்றாள். விமான் நகரில் இருக்கிற மகள் வீட்டுக்குப் போகிறேன் என்று கிளம்பிய நாட்களெல்லாம் ஆஸ்பத்திரிக்குத்தான் போயிருக்கிறாள்.

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. என்னிடம் மறைத்ததற்கு அவள்மேல் கோபம், அவளைக் காரில் கூட்டிப்போன மகள்மேல் கோபம். மகளுக்கு போன் போட்டுக் கத்தினேன். அவளுக்குத் தமிழ் திக்கித்திக்கித்தான் வரும். “அம்மா ப்ராமிஸ் வாங்கினா பா, நான் என்ன பண்ண முடியும்” என்று அழுதாள். போனை வைத்துவிட்டு வந்து, அதே ஸ்க்ரூவை எடுத்து, முன் சீட்டின் தண்டவாளத்தை முறுக்கி இறுக்கினேன். பிறகு பின் சீட்டுக்கும். அவள் தடுக்கவில்லை. வேண்டாம் என்று அவள் சொன்ன ஒன்றை நான் செய்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

அதன் பிறகு ஒரே மரத்தில் இருவரும் இரண்டு வேறு வேலை செய்துகொண்டிருந்தோம். அவளை ஒரே ஒரு தரம் ஆற்றில் உட்காரவைத்துவிட வேண்டும், அதற்குள் முடிய வேண்டும் என்று நான் செய்தேன். தான் போன பிறகு நான் பல வருஷம் ஓட்டுவதற்குப் படகு தாங்க வேண்டும் என்று அவள் செய்தாள். அதனால் நான் அவசரப்பட்டேன், அவள் நிதானமாக இருந்தாள். இவ்வளவு வருஷத்தில் எங்கள் வேகம் பிசகியதும் அப்போதுதான்.

மழை தொடங்கும் நேரத்தில் வார்னிஷ் அடித்தேன். காற்றில் ஈரம் இருக்கிறது, பொறு என்று அவள் சொன்னாள். நான் கேட்கவில்லை. மறுநாள் காலை படகு முழுக்கப் பால் கொட்டியது போல வெளுத்திருந்தது. வெளுத்தால் என்ன, மிதந்தால் போதும் என்றேன். இந்தப் பூச்சு உரிந்து தண்ணீர் மரத்துக்குள் போய்விடும், இரண்டு மழைக்குத் தாங்காது, எல்லாவற்றையும் தேய்த்து எடு என்றாள்.

“யாருக்கு வேணும் ரெண்டு மழை?” என்று கத்தினேன்.

காக்கு வீட்டில் டிவியின் சத்தம் குறைந்தது. என் மனைவி உப்புத்தாளை எடுத்து, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு தேய்க்க ஆரம்பித்தாள். ஒரு சாண் அகலம் தேய்ப்பதற்குள் அவளுக்கு மூச்சு வாங்கியது. என்னால் பார்க்க முடியவில்லை. கையிலிருந்து பிடுங்கி நானே தேய்த்தேன். தேய்த்து முடித்தும் வார்னிஷ் டப்பாவைத் திறக்க அவள் விடவில்லை, மழை ஓயட்டும் என்றாள். தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டே இருந்தது. வானத்தைப் பார்த்து இவ்வளவு ஆத்திரப்பட்ட மனிதன் புனேவில் வேறு யாரும் இருந்திருக்க மாட்டான். மழை வேண்டும் என்று ஊரே கும்பிடுகிற இடத்தில் நான் ஒருத்தன் மட்டும் அது நிற்க வேண்டும் என்று கும்பிட்டேன்.

கணபதி கரைத்த பிறகு வெயில் வந்தது. முதல் பூச்சு கண்ணாடி போலக் காய்ந்தது. அதற்குள் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் சந்து வரைக்கும் வர முடிந்தது. ஆற்றுக்குப் போகிற பேச்சை இருவருமே எடுக்கவில்லை.

ஒருநாள் காலையில் அவளே சொன்னாள், படகில் உட்காரணும் என்று. வீட்டிலிருந்த மெத்தைகளையெல்லாம் கொண்டுவந்து தரையில் பரப்பிப் படகை இறக்கிவைத்தேன். அவளைத் தூக்கி முன் சீட்டில் உட்காரவைத்தேன். தூக்குவதற்கு என்னை நான் தயார்ப்படுத்திக்கொண்ட அளவுக்கு அவளிடம் எடை இல்லை. நான் பின் சீட்டில் உட்கார்ந்தேன். துடுப்பு இல்லை, தண்ணீர் இல்லை. அவள் இரண்டு கைகளையும் நீட்டி, வெறும் காற்றைப் பிடித்து இழுத்தாள். சீட் பின்னால் ஓடியது. நானும் இழுத்தேன். சக்கரங்கள் இரண்டும் ஒன்றாகச் சத்தம் போட்டன. மருந்தில் தலைமுடி போய், கழுத்துக்குக் கீழே எலும்பு ஒவ்வொன்றாகத் தெரிந்தது, இருந்தாலும் அவள் தோள் அசைகிற விதம் அப்படியே இருந்தது. நான் கொஞ்சம்கூடப் பிசகவில்லை. மெதுவாக, இன்னும் மெதுவாக, பத்துப் பன்னிரண்டு தரம் இழுத்திருப்போம்.

“ஈஸி ஆல்” என்றாள். ஆற்றில் இதைச் சொன்னால் துடுப்பைத் தூக்கிக்கொண்டு சும்மா இருக்க வேண்டும், படகு தானாகக் கொஞ்ச தூரம் போய் நிற்கும்.

திரும்பாமலே கேட்டாள், “நான் இல்லாம நீ ஓட்டுவேல்ல?”

“மாட்டேன்.”

“ஏண்டா இப்படி அடம் பிடிக்கற. நீ வீட்டுலயே உக்காந்து எல்லாரையும் திட்டிட்டே இருப்ப, அதான் எனக்கு பயமா இருக்கு.”

அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று அவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும், மறுபடி கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, குளிர்கிறது என்றாள். தூக்கிக்கொண்டு உள்ளே போனேன்.

தீபாவளிக்கு முன்னால் போய்விட்டாள். சொசைட்டியில் எல்லா வீட்டு வாசலிலும் தீபாவளிக் காகிதக் கூடு, ஆகாச விளக்கு, தொங்கியது, எங்கள் வீட்டுக்காகப் பக்கத்து வீடுகளில் ஏற்றாமல் வைத்திருந்தார்கள். ஏற்றச் சொல்லி நானே போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

மிச்சப் பூச்சுகளை நான் தனியாகவே அடித்தேன். அவசரமே இல்லாமல், ஒவ்வொன்றும் காய்ந்து, தேய்த்து, துடைத்து, அவள் இருந்திருந்தால் குறை சொல்ல முடியாதபடி அடித்தேன். படகு இப்போது புதுசை விட நன்றாக இருக்கிறது. போட் கிளப்பில் துடுப்பு பழகுகிற பிள்ளைகள் வந்து பார்த்துப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். எப்போது தண்ணீரில் விடுவீர்கள் என்று கேட்டார்கள். பார்க்கலாம் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் வருவாள். ஒரு தரம், நான் முன் சீட்டில் உட்காரட்டுமா, கற்றுக்கொள்கிறேன் என்று கேட்டாள். நக்கோ என்று சொல்ல நினைத்து வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவள் முகம் சுருங்கிப்போனது. அது பாவம்தான், எனக்குத் தெரிகிறது. போன வாரம் வந்தபோது டூல் பாக்ஸைத் திறந்து ஸ்பானரை எடுத்து என் முன்னால் வைத்தாள். “அம்மா சொன்னத செஞ்சிடுங்க பா. நடுவுல ஒண்ணு” என்றாள்.

கஷ்டமான வேலையில்லை. இரண்டு சீட்டையும் கழற்றி, ஒன்றை நடுவில் பொருத்தி, ரிக்கரை மாற்றினால் அரை நாளில் முடிந்துவிடும். இரண்டு பேர் படகு என்பதால் தனி ஆளுக்குக் கொஞ்சம் கனமாக இருக்கும், அவ்வளவுதான். எங்கே பொருத்தினால் சமநிலை வரும் என்பதுகூட எனக்குத் தெரியும். ஸ்பானர் வைத்த இடத்திலேயே இருக்கிறது. அதைத் தொட எனக்குக் கை வரவில்லை. நடுவில் ஒரு சீட்டைப் போட்டு ஆற்றில் விட்டால் படகு மிதக்கும். நான் ஒருத்தன் இழுத்தாலும் நன்றாகவே ஓடும். அதுதான் எனக்குப் பயம்.