கடலையில் கறந்த பால்

என்னைக் கட்டிக்கொடுத்தது ஒரு பால்காரர் வீட்டில். தல்லாகுளத்தில் சர்க்கார் கச்சேரிகளுக்குப் பின்பக்கம் ஒரு சந்து. முன்கட்டில் நாங்களும் பின்கட்டில் மாடுகளுமாக இருந்த வீடு. விடிந்ததும் மாமனார் கறந்து முடித்து, கேன்களைச் சைக்கிளில் மாட்டிக்கொண்டு ஆபீஸ்காரர் வீடுகளுக்குக் கிளம்புவார். அதற்கு முன்னால் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு தம்ளர் பால் ஊற்றிவிட்டுத்தான் போவார். அந்த வீட்டில் சோறு ஒரு வேளை தள்ளிப்போகலாம், பால் தள்ளிப்போகாது.

அப்படிப்பட்ட வீட்டில் பிறந்த என் மகளுக்குப் பால் ஒத்துக்கொள்ளவில்லை.

எழுபதுகளின் கடைசி அது. தாய்ப்பால் குடித்தவரைக்கும் கொழுகொழுவென்று இருந்த பிள்ளை, பசும்பால் கொடுக்க ஆரம்பித்ததும் வாடிப்போனாள். வயிறு பானைபோல் உப்பும். வயிற்றால் போகும். முதுகெல்லாம் தடித்துச் சிவந்துவிடும். மாமனார் அதைத் தன் பாலுக்கு வந்த பழியாக எடுத்துக்கொண்டார். "இந்தப் பசு வேணாம், அந்தப் பசுவுல குடுத்துப் பாருங்க" என்பார். எருமைப்பால் கொடுத்துப் பார்த்தோம். பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து கொடுத்துப் பார்த்தோம். பால்காரர் வீட்டில் பாலில் தண்ணீர் கலந்ததை மாமியார் தாங்கிக்கொண்டதே பெரிய காரியம். எதுவும் ஆகவில்லை.

கடைசியில் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மாதான் புரியும்படி சொன்னார்கள். "பிள்ளைக்குச் சீக்கு ஒண்ணும் இல்ல. பால்தான் ஆகல. பாலு, தயிரு, மோரு, நெய்யி எதுவும் குடுக்காதீங்க. கஞ்சி குடுங்க, பருப்பு குடுங்க, கடலை குடுங்க."

வீட்டுக்கு வந்து சொன்னபோது மாமியார் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. சாணி அள்ளிக்கொண்டே, "பால் குடிக்காம ஒரு பிள்ளை வளருமா? எங்க வம்சத்துல கேட்டதில்ல" என்றார். உங்கள் வம்சத்துப் பிள்ளைதான் அத்தை என்று நாக்கு நுனிவரை வந்தது. பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன்.

பாலை நிறுத்தியதும் வயிறு அடங்கியது, தடிப்பு மறைந்தது. ஆனால் வேறொரு தொல்லை தொடங்கியது. காலையில் மாமனார் செம்பைத் தூக்கியதும் என் கொழுந்தனார் பிள்ளைகள் தம்ளரோடு ஓடுவார்கள். இவளும் தன் குட்டித் தம்ளரைத் தூக்கிக்கொண்டு தத்தித் தத்திப் போய் நிற்பாள். நான் ஓடிப்போய் அதில் கேழ்வரகுக் கஞ்சியை ஊற்றுவேன். உள்ளே எட்டிப் பார்ப்பாள். மற்றவர்கள் தம்ளரையும் எட்டிப் பார்ப்பாள். பிறகு கஞ்சியை அப்படியே தரையில் கவிழ்த்துவிட்டு, "வெள்ளே... வெள்ளே..." என்று அழுவாள். அவளுக்கு வேண்டியது பால்கூட இல்லை. எல்லோருக்கும் கிடைக்கிற அந்த வெள்ளை நிறம்.

ஒருநாள் என் தகப்பனார் ஊரிலிருந்து வந்தார். திருமங்கலத்துக்கு மேற்கே, மழையை நம்பி நிலக்கடலை போடுகிற பூமி எங்களுடையது. மடியில் கட்டிக் கொண்டுவந்த பச்சைக்கடலையை உரித்து வாயில் போட்டேன். பச்சைக்கடலையை மென்றால் நாக்கெல்லாம் வெள்ளையாகப் பால் ஊறும். சின்ன வயதில் கடலை பிடுங்கும்போது நாங்கள் அந்தப் பாலை உதட்டில் வழியவிட்டு ஒருவருக்கொருவர் காட்டிச் சிரிப்போம். அன்றைக்கு மென்றுகொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்தினேன். வெள்ளைதானே இது?

அடுத்த நாளே கடலையை ஊறவைத்து, ஆட்டுக்கல்லில் போட்டு ஆட்டி, பழைய வேட்டித் துணியில் பிழிந்தேன். பார்க்கப் பால்தான். காய்ச்சி வாயில் வைத்தால் பச்சை வாடை குடலைப் பிடுங்கியது. பிள்ளை ஒரு வாய் வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாளே, அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை. மறுமுறை கடலையை லேசாகச் சூடு காட்டித் தோலைத் தேய்த்து ஊதிவிட்டுப் பிறகு ஊறப்போட்டேன். வாடை பாதி போனது. ஆனால் காய்ச்சும்போது திரும்பிப் பார்ப்பதற்குள் அடிபிடித்துவிட்டது. மாட்டுப்பால் பொங்கப்போகிறேன் என்று சொல்லிப் பொங்கும். இது நுரையை மேலே காட்டிக்கொண்டு அடியில் கருகும். கையெடுக்காமல் கிண்டக் கற்றேன். அடுப்பிலேயே வெல்லம் போட்டால் திரிந்துபோகிறது என்று தெரிந்து, இறக்கி ஆறவிட்டுப் போட்டேன். ஒரு துண்டு சுக்கு தட்டிப் போட்டதும் மிச்சமிருந்த வாடையும் ஓடிவிட்டது.

ஒரு காலையில் எல்லாப் பிள்ளைகளும் குடிக்கும்போது இவள் தம்ளரிலும் ஊற்றினேன். எட்டிப் பார்த்தாள். பக்கத்துத் தம்ளரைப் பார்த்தாள். திரும்பத் தன்னுடையதைப் பார்த்தாள். பிறகு இரண்டு கையாலும் பிடித்து, மூச்சுவிடாமல் குடித்துத் தம்ளரைக் கவிழ்த்துக் காட்டினாள். மேலுதட்டில் வெள்ளை மீசை. மாமனார் சைக்கிளைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டே நின்றார். அன்றைக்குப் பால் ஊற்றக் கிளம்ப அவருக்கு நேரமாகிவிட்டது.

மாமியாருக்கு மட்டும் அது பொறுக்கவில்லை. "வீடு நிறைய மாட்டக் கட்டி வச்சுக்கிட்டுக் கடலையப் பிழிஞ்சு குடுக்குறாளாம். பாலுன்னா உறையணும்த்தா. உறையாதது பாலா? வெறும் வெள்ளைத் தண்ணி!"

எனக்குச் சுருக்கென்றது. உறையத்தானே வேண்டும், உறையவைத்துக் காட்டுகிறேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். பிள்ளைக்கும் தயிர்ச்சோறு என்றால் ஆசை, மற்றவர்கள் பிசைவதை வாய் பார்த்துக்கொண்டிருப்பாள். ஆனால் உறை ஊற்ற மோர் வேண்டும், மோரோ பிள்ளைக்கு ஆகாது. ஒரு சொட்டுப் புளித்தண்ணீர் விட்டுப் பார்த்தேன். திரிந்து கட்டி கட்டியாக நின்றது. எலுமிச்சையும் அப்படியே. கொட்டுவதற்காகச் சட்டியைப் பின்கட்டுக்கு எடுத்துப் போனபோது மாமியார் மாட்டுக்குப் பருத்திக்கொட்டை வைத்துக்கொண்டிருந்தார். சட்டியை எட்டிப் பார்த்தார். ஏதோ சொல்லப்போகிறார் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"ஏத்தா, மோரு இல்லாத வீட்டுல மிளகாக் காம்பப் போட்டு உறைய வைப்பாக. அதுகூடவா தெரியாது?" என்றவர், கொஞ்சம் பொறுத்து, "பாலை இன்னும் கெட்டியாப் பிழி. இம்புட்டுத் தண்ணி ஊத்துனா எந்தப் பாலுதான் உறையும்?" என்றார்.

அவர் என் கடலையைப் பால் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. நான் கவனிக்காததுபோல் உள்ளே வந்துவிட்டேன்.

தண்ணீரைக் குறைத்துக் கெட்டியாகப் பிழிந்து, வெதுவெதுப்பாக ஆறியதும் பச்சைமிளகாய்க் காம்புகளைப் போட்டு அடுப்போரம் மூடிவைத்தேன். மறுநாள் ஓரளவு கட்டியிருந்தது, தளதளவென்று ஆடியது. அதிலேயே ஒரு கரண்டி எடுத்து அடுத்த பாலுக்கு உறை ஊற்றினேன். அது உறைந்த உறைச்சல் இருக்கிறதே! மாமியார் நான் கூப்பிடாமலே வந்து மூடியைத் திறந்தார். சட்டியைச் சாய்த்தார். தயிர் நகரவில்லை. சுண்டுவிரலால் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டார். மூடியை மறுபடி பதமாக மூடிவிட்டுப் போனார்.

பிள்ளைக்குக் காதுகுத்து வந்தது. மேலூர்ப் பக்கம் மாமனாரின் குலசாமி கோயில். மாடு வளர்க்கிற சொந்தம் அத்தனையும் வந்திருந்தது. பால் குடிக்காத பேத்தி என்ற சேதி எங்களுக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. ஆளாளுக்குப் பிள்ளையின் கையைப் பிடித்துப் பார்த்தார்கள். "பாலு இல்லாம எங்க இருந்து தேறும்?" என்று ஒருவர். மருந்து சொன்னவர், மந்திரிக்கச் சொன்னவர் எல்லோரும் இருந்தார்கள். பிள்ளை யாரையும் சட்டை செய்யாமல் மொட்டைத் தலையில் சந்தனத்தோடு ஆட்டுக்குட்டியைத் துரத்திக்கொண்டிருந்தாள்.

பந்தியில் மாமனாரின் அக்கா உட்கார்ந்திருந்தார். அந்தக் கூட்டத்திலேயே பால் விஷயத்தில் அவர் வைத்ததுதான் சட்டம். தயிர் ஊற்ற வந்த பையன் பாத்திரம் மாறி, பிள்ளைக்கென்று நான் தனியாக எடுத்து வந்திருந்த தூக்குச்சட்டியிலிருந்து அவர் இலையில் ஊற்றிவிட்டான். நான் ஓடினேன். தடுப்பதற்குள் அவர் பிசைந்து ஒரு வாய் உண்டுவிட்டார். இன்னொரு வாய். பிறகு நிமிர்ந்து என் மாமியாரைப் பார்த்தார்.

"ஏத்தா, என்னா மணம்! எந்த மாட்டுத் தயிரு இது?"

மாமியார் தூக்குச்சட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, பந்தி முழுக்கக் கேட்கும்படி சொன்னார்:

"மாடு இல்ல மதினி. இது எம் மருமக கறந்தது. கடலையில கறந்தா!"

பந்தியே சிரித்தது. அந்த அம்மா முதலில் நம்பவில்லை. நம்பியதும் இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னார். மாமியார் என்னைக் கைகாட்டி, எப்படி வறுப்பது, எப்படிப் பிழிவது, ஏன் கையெடுக்காமல் கிண்ட வேண்டும் என்று வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தார். எல்லாவற்றையும் அவர் பின்கட்டிலிருந்தே பார்த்துவைத்திருக்கிறார்! மிளகாய்க்காம்பு மட்டும் தன் யோசனை என்பதை இரண்டு தடவை சொன்னார். சொல்லட்டும் என்று விட்டேன். பந்திக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்த எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கல்யாணத்தன்றுகூட நான் அவ்வளவு நிமிர்ந்து நின்றதில்லை.

ஊர் திரும்பிய பிறகு மாமனார் ஒருநாள் காலையில் கேன்களை மாட்டிவிட்டு, கிளம்பாமல் நின்றார். "நான் பால் ஊத்துற வீட்டுல ஒரு பிள்ளைக்கு நம்ம பாப்பா மாதிரியே இருக்கு. டாக்டரும் பால் வேணாம்னுட்டாராம். நீ வந்து அந்தப் பிள்ளையோட தாய்க்குச் செஞ்சு காட்டுறியாத்தா?" என்று கேட்டார். தன் பாலுக்கு ஒரு வாடிக்கை குறையும் என்று தெரிந்தே கேட்டார்.

நான் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு, ஊறிய கடலையை ஒரு பாத்திரத்தில் அள்ளிக்கொண்டேன். அவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு முன்னே போக, நான் பின்னால் நடந்தேன். எதிரே வந்தவர் ஒருவர், "என்னண்ணே, மருமகளையும் தொழிலுக்குக் கூட்டிட்டுக் கிளம்பிட்டீகளா?" என்று கேட்டார்.

"ஆமாப்பா, அதும் பால்காரிதான்" என்றார் மாமனார்.