அண்ணாச்சி போகவிட்ட வண்டி

செய்தி வந்தபோது மும்பை பாண்டுப் ஸ்டேஷன் படிக்கட்டில் வழக்கம்போல் ஓடிக்கொண்டிருந்தேன். போனில் ஞானராஜ் அண்ணாச்சியின் மகள். "சித்தப்பா, அப்பா விடியக்காலம் போயிட்டாங்க" என்றாள். தொண்டையில் வந்த நோயோடு முலுண்டில் அவள் வீட்டில்தான் கடைசி மாதங்களைக் கழித்தார்.

மாட்டுங்கா மருந்துக் கிடங்கில் அவரோடு வேலை பார்த்த நம் எல்லோருக்கும் அவருடைய கிறுக்கு நினைவிருக்கும். தினமும் காலையில் கொஞ்சம் முன்னதாகவே ஸ்டேஷனுக்கு வருவார். வருகிற முதல் வண்டியில் ஏறாமல் அதைப் போகவிடுவார். மும்பையில் இதைவிடப் பெரிய பாவம் உண்டா? போனைப் பைக்குள் போட்டுவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்து அரை கிளாஸ் கட்டிங் சாயா குடித்தபடி, கூரைக் கம்பியில் சண்டை போடும் புறாக்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஜெபம் பண்ணுகிறீர்களா என்று ஒருநாள் கேட்டேன். "அது வீட்டுலயே முடிஞ்சுட்டு. இது சும்மா இருக்கது வே" என்றார்.

ஒருமுறை வண்டி வாசலில் தொங்கிய கூட்டம், பாவம் பெரியவரால் ஏற முடியவில்லை என்று நினைத்து, "ஆ ஜாவ் அங்கிள்" என்று கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டுவிட்டது. அண்ணாச்சி அவர்களுக்கு நன்றி சொல்லி, அடுத்த ஸ்டேஷனான காஞ்சூர்மார்க்கில் இறங்கி, அங்கே ஒரு பெஞ்சைப் பிடித்து, அடுத்து வந்த வண்டியைப் போகவிட்டார். கிடங்கே விழுந்து விழுந்து சிரித்தது.

ஆனால் லாரிக்காரரும் கடைக்காரரும் வாய்க்கு வந்தபடி ஏசும் அந்த இடத்தில், அவர் குரல் உயர்ந்து நாம் கேட்டதில்லை. நானோ ரயிலிலேயே யாரோடாவது மல்லுக்கு நின்றுவிட்டுத்தான் வந்து சேருவேன். "காலைல முதல்ல எதைத் தொடுதோமோ, அதுதான் ராத்திரி வரைக்கும் கைல ஒட்டிக்கிட்டு இருக்கும்" என்பார்.

பரிசோதனை முடிவு சொல்லும் நாளில் துணைக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார். அதிசயமாக, முதல் வண்டி கூட்டமில்லாமல் வந்தது.

"அண்ணாச்சி, இன்னிக்கு ஒருநாள் ஏறிருவோம்" என்றேன்.

"ரிப்போர்ட் எங்கயும் ஓடிராது வே. அதைக் கேட்டபிறகு எந்தக் காலையும் இப்படி இருக்காது. இதையாவது முழுசாப் பாத்துட்டு வாரேன். உக்காரும்."

கிளாஸை வாய்க்குக் கொண்டுபோனார். சாயா சட்டையில் சிந்தியது. "பயம் இருக்கத்தான் செய்யுது. அதுவும் பக்கத்துல உக்காரட்டும்" என்று சொல்லி, சட்டையைத் துடைத்துக்கொண்டு புறாக்களைப் பார்த்தார். நான் புறாக்களைப் பார்க்கவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். பயமில்லாத மனிதர்கள் என்று பெயரெடுத்த பலரை எனக்குத் தெரியும். பயத்துக்குப் பக்கத்தில் இடம் ஒதுக்கிக் கொடுத்த மனிதரை அன்றுதான் பார்த்தேன். அந்தப் பிரமிப்பு இன்னும் என்னைவிட்டுப் போகவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் சொல்லி முடித்ததும், "சரி, எப்ப ஆரம்பிக்கலாம்?" என்று மட்டும் கேட்டார்.

அவர் போனதாகச் செய்தி வந்த காலை, முலுண்ட் பக்கம் போகும் பிளாட்பாரத்துக்குத் தலைதெறிக்க ஓடினேன். வண்டி வந்து நின்றது. கம்பியைப் பிடித்த கையை என்னவோ எடுத்துவிட்டேன். வண்டி போய்விட்டது. பெஞ்சில், அவருக்கு இடம் விட்டு, ஓரமாக உட்கார்ந்தேன். அழுகை வந்தது. அதையும் உட்காரச் சொன்னேன்.

அவருடைய பொருள் எதுவும் என்னிடம் இல்லை. போகவிட்ட அந்த ஒரு வண்டி இருக்கிறது. அடுத்ததில் ஏறித்தான் அவர் முகத்தைப் பார்க்கப் போனேன்.