சின்ன மாமனாரின் முள்வாங்கி

காரங்காட்டுக்குப் பக்கத்தில் ஒரு கரையூர். அங்கே பாய் டீக்கடையின் முன்தட்டியில் அடித்த ஆணியில் ஒரு முள்வாங்கி தொங்குகிறது. இரும்பு வளையம் ஒன்றில் கோத்த மூன்று சாமான்கள்: முள்ளைக் கவ்வி இழுக்க ஒரு சின்ன இடுக்கி, தோலைக் கீறிக்கொடுக்க ஓர் ஊசி, காது குடைய ஒரு குட்டிக் கரண்டி. மூன்றும் துருப்பிடித்து ஒன்றோடொன்று ஒட்டிப்போய்விட்டன. நான் கிராம சுகாதார நர்ஸ். துருப்பிடித்த சாமானைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கத்தரிக்கோலில் ஒரு பொட்டுத் துரு இருந்தாலும் எங்கள் நிலையத்து ஆயாவை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவேன். ஆனால் வாராவாரம் அந்தக் கடையில் டீ குடிக்கும்போது, இந்த முள்வாங்கியின் துருவை மட்டும் ஆசை தீரப் பார்த்துவிட்டு வருகிறேன்.

அது என் சின்ன மாமனாருடையது. என் கணவருக்குச் சித்தப்பா. நான் கல்யாணமாகி அந்த வீட்டுக்குப் போன நாளில் அவர் இடுப்புக் கயிற்றில் அது தொங்கிக்கொண்டிருந்தது. நடந்தால் கிணுகிணு என்று மெல்லச் சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டதும் வீட்டில் வெட்டிப்பேச்சு நின்றுவிடும். கொஞ்சம் நிலபுலன் உள்ள மனுஷன், அதற்கேற்ற மிடுக்கும் உண்டு. யார் சொல்லியும் எதையும் கேட்கமாட்டார். தானாகத் தோன்றிவிட்டால் யாராலும் நிறுத்த முடியாது. எனக்கோ என் வேலையினால் ஒரு கெட்ட பழக்கம், ஆட்களை முகத்தைவிடக் காலை வைத்துத்தான் ஞாபகம் வைத்துக்கொள்வேன். சின்ன மாமாவின் பாதம் கட்டாந்தரையாக இருக்கும். பித்தவெடிப்பில் ஒரு காசைச் செருகி வைக்கலாம். அதற்கு மருந்து போடச் சொல்லி நான் கெஞ்சாத நாள் கிடையாது, அவர் காதில் வாங்கிய நாளும் கிடையாது.

எங்கள் ஊர் உள்ளே, விவசாய ஊர். நான் வேலை பார்க்கும் துணை சுகாதார நிலையம் கரையூரில். இரண்டுக்கும் நடுவே ஓர் ஓடை ஓடிக் கடலில் சேருகிறது. ஒருகாலத்தில் அந்த ஓடையின் இரண்டு பக்கமும் அலையாத்தி மரங்கள் அடர்ந்து கிடந்தனவாம். விறகுக்கு வெட்டி வெட்டி, நான் வேலைக்குச் சேர்ந்தபோது மொட்டைச் சேறுதான் மிச்சம். வேர் போனதும் கரை கரையத் தொடங்கியது. மழையும் முன்போல இல்லை. பெய்தால் ஒரேயடியாகக் கொட்டும், இல்லையென்றால் ஏமாற்றிவிட்டுப் போகும். ஐப்பசி, கார்த்திகையில் கடல் பொங்கி ஓடைக்குள் ஏறும்போது கரை அறுத்துக்கொள்ளும், உப்புத்தண்ணீர் வயலுக்குள் புகுந்துவிடும். சின்ன மாமாவின் கிழக்கு வயல், எங்கள் பேச்சில் கிழக்குக் காடு, அப்படித்தான் வருஷத்துக்கு வருஷம் வெளுத்துக்கொண்டே வந்தது. விதைத்த நெல் முளைத்துக் கருகி நிற்பதைப் பார்த்துவிட்டு வந்த அன்று அவர் சாப்பிடவில்லை. இன்னும் சில மழைக்காலம் இப்படிப் போனால் அந்த நிலத்தில் உப்புதான் வாரலாம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. காலநிலை மாற்றம் என்று இப்போது பேப்பரில் போடுகிறார்கள். அப்போது எங்களுக்கு அந்தப் பேர் தெரியாது, கரை அறுக்கிறது என்பது மட்டும் தெரியும்.

கரையூருக்கும் இதே கவலை வேறு விதமாக இருந்தது. அங்கே பெண்கள் இடுப்பில் ஓலைக்கூடையைக் கட்டிக்கொண்டு, ஓடைத்தண்ணீரில் குனிந்து, கையால் சேற்றைத் தடவியே இறாலும் நண்டும் பிடிப்பார்கள். மரம் போனதும் இறாலும் போய்விட்டது. மகளிர் குழுத் தலைவிதான் முதலில் என்னிடம் கேட்டாள், "நர்சம்மா, மரத்த திரும்ப வச்சா என்ன?" சுனாமிக்கு அடுத்த வருஷம் அது; கடலைப் பற்றி எல்லோரும் யோசித்துக்கொண்டிருந்த சமயம். நான் வீட்டில் போய்ச் சொன்னேன். கரை நிற்கும் என்ற ஒரு சொல் சின்ன மாமாவுக்குப் போதுமாக இருந்தது. டீக்கடை பாய் உட்கார இடமும் கடன் டீயும் கொடுத்தார். இரண்டு ஊரிலிருந்தும் ஆட்கள் சேர்ந்தார்கள். கூலி கிடையாது, பேனர் கிடையாது. வேலை முடிந்து முழங்கால்வரை சேற்றோடு கடைக்கு வருவோம் என்பதால் ஊர்க்காரர்கள் எங்களுக்கு 'சேத்துக் கமிட்டி' என்று பேர் வைத்தார்கள். அந்தப் பேரே நிலைத்துவிட்டது.

முதல் தையில் நட்டோம். அலையாத்தி விதை மொச்சைக்கொட்டையைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். சின்ன மாமா நாற்று நடுகிற நினைப்பில் சேற்றில் கயிறு பிடித்து வரிசை போட்டார். கரையூர்ப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். "அய்யா, கடலு உங்க கயித்தப் பாத்தா வரப்போகுது?" என்றாள் தலைவி. அவர் அசரவில்லை. வரிசையில் வைத்ததும் வரிசை இல்லாமல் வைத்ததும் நன்றாகவே முளைத்தன. பங்குனியில் ஆடுகள் வந்து எல்லாவற்றையும் நுனி விடாமல் மேய்ந்துவிட்டுப் போயின. ஆடுகள் எங்கள் ஊர்ப் பக்கத்து ஆடுகள். தலைவி பார்த்த பார்வை சின்ன மாமாவைச் சுட்டுவிட்டது.

அடுத்த தையில் மறுபடியும் நட்டபோது அவர் டிராக்டர் டிராக்டராகக் கருவை முள்ளை வெட்டிக்கொண்டு வந்து இறக்கினார். சீமைக்கருவேலத்தைத்தான் எங்கள் பக்கம் கருவை என்போம். தோட்டம் போட்டால் முள்வேலி அடைப்பது எங்கள் ஊரில் பல் விளக்குவது மாதிரி. யாரும் யோசித்துச் செய்வதில்லை. ஆட்களை வைத்து நன்றாக மிதித்து, கவைக்கம்பு ஊன்றி, நாய்கூட நுழைய முடியாதபடி அடைத்தார். அந்தக் கோடையில் ஓர் ஆடும் உள்ளே போகவில்லை. கன்றுகள் முழங்கால் உயரம் வந்துவிட்டன. சின்ன மாமா டீக்கடையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து அதைப் பற்றிப் பேசாத நாளில்லை. தண்ணீர் ஏறி இறங்கும் இடத்தில் போட்ட வேலிக்கு மழைக்காலத்தில் என்ன ஆகும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஐப்பசியில் கடல் பொங்கி, மேலே வெள்ளமும் சேர்ந்து வந்து வேலியைப் பிய்த்தெறிந்தது. முள் அத்தனையும் ஓடைக்குள் இறங்கிச் சேற்றில் புதைந்தது. தண்ணீர் வடிந்ததும் பெண்கள் வழக்கம்போல இறங்கினார்கள். அன்று காலையிலிருந்து என் நிலையத்து வாசலில் கால்களாக வந்தன. உள்ளங்காலில், விரலிடுக்கில், தடவிய உள்ளங்கையில்கூட முள். கருவை முள் குத்திய இடம் சும்மா இருக்காது, வீங்கிச் சீழ் பிடிக்கும். தலைவிக்குக் குதிகாலில் ஆழமாக ஏறி உள்ளேயே ஒடிந்துவிட்டது. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிக் கீறி எடுக்க வேண்டியதாயிற்று. அவள் பிடிக்காவிட்டால் அவள் வீட்டில் உலை இல்லை. கட்டுப் போடும்போது அவள் அழவில்லை, "கடல் இத்தன வருசமா என்னைய குத்துனதில்ல நர்சம்மா" என்று மட்டும் சொன்னாள். எனக்குத்தான் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

கரையூர் கூடி முடிவு செய்தது. இனி வேலி கூடாது, எங்கள் ஊர்க்காரர்கள் யாரும் ஓடைப்பக்கம் கால் வைக்கக் கூடாது. அவர்கள் சொன்னதில் எனக்கு ஒரு குற்றமும் தெரியவில்லை. ஆனால் கன்றுகளில் பாதிக்குமேல் உயிரோடு நின்றன. மாசியில் சேறு காய்ந்ததும் ஆடு வரும். வேலி இல்லை, காவலுக்கு ஆள் இல்லை. இரண்டு வருஷப் பாடும் போய்விடும், அடுத்த மழைக்குக் கரையும் போய்விடும். இதை நான் வீட்டில் சொன்னபோது சின்ன மாமா, "அந்தப் புள்ளைக்குக் கால் எப்பிடி இருக்கு?" என்று கேட்டார். தினமும் கேட்டார்.

மார்கழியில் ஒரு காலை, நான் பஸ்ஸை விட்டு இறங்கும்போது பாய் கடையை விட்டு ஓடிவந்தார். "நர்சம்மா, ஒங்க மாமனாரு ஓடைக்குள்ள நிக்கிறாரு. சொன்னா கேக்க மாட்டேங்கிறாரு." போய்ப் பார்த்தேன். செருப்பைக் கரையில் ஜோடியாக விட்டுவிட்டு, வேட்டியை வரிந்து கட்டி, தொடையளவு தண்ணீரில் நின்றார் சின்ன மாமா. காலால் சேற்றைத் துழாவி மெல்ல மெல்ல நகர்ந்தார். முள் தட்டுப்பட்டால் குனிந்து கொப்போடு பிடுங்கித் தோளில் மாட்டிய கூடையில் போட்டார். காலில் ஏறிவிட்டால் கரையோரம் வந்து உட்கார்ந்து, முள்வாங்கியால் எடுத்துவிட்டு மறுபடியும் இறங்கினார். இத்தனை காலம் நான் மருந்து போடச் சொல்லித் தொல்லைப்படுத்திய அந்தக் கட்டாந்தரைப் பாதத்தில் ரத்தம் வந்துகொண்டிருந்தது.

"மாமா, மேல ஏறுங்க. இதென்ன வீம்பு?" என்று கத்தினேன்.

"வீம்பு இல்ல ஆத்தா. நாங் கொண்டாந்து போட்ட முள்ளு. வேற யாரு பொறக்குவா?"

கரையூர் ஆண்கள் சிலர் விரட்டத்தான் வந்தார்கள். வந்தவர்கள் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள். சின்ன மாமா அடுத்த நாளும் வந்தார், அதற்கடுத்த நாளும் வந்தார். எங்கள் ஊரிலிருந்து முள் வெட்டிய ஆட்களும் கூச்சத்தோடு பின்னால் வந்து இறங்கினார்கள். ஒரு நாள் தலைவி நொண்டிக்கொண்டே கரைக்கு வந்தாள். கொஞ்சநேரம் அவர் துழாவுவதைப் பார்த்தாள். பிறகு, "அங்கன இல்லண்ணே, இந்தப் பக்கம் வாங்க. தண்ணி இழுத்துட்டுப் போற பள்ளம் இங்கனதான்" என்று கையைக் காட்டினாள். அதுவரை அவரை அய்யா என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

ஓடை சுத்தமான அன்று பாய் கடையில் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். ஆட்டுமந்தையின் தலைவரான கீதாரியையும் பாய் கூப்பிட்டு வைத்திருந்தார். ஆட்டை எப்படி மறிப்பது என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். கம்பிவேலி, காவல், அபராதம் என்று பேச்சு சூடாகி, கீதாரி எழுந்துபோகப் பார்த்தார். அப்போது தலைவி, சண்டைக்கு இல்லாமல் சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்: "இந்த ஆடுகள்லாம் ராத்திரி எங்கன படுக்கும்?"

எங்கள் பக்கம் அறுப்பு முடிந்த வயலில் ஆட்டுக்கிடை போடுவார்கள். ராத்திரி மந்தை அந்த வயலில் படுக்கும், புழுக்கையும் மூத்திரமும் உரமாகும், நிலத்துக்காரர் கீதாரிக்கு நெல் அளப்பார். கிடை எங்கே கிடக்கிறதோ அதைச் சுற்றித்தான் பகலில் ஆடு மேயும். இது எங்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். கீதாரி சின்ன மாமாவைப் பார்த்தார். சின்ன மாமா டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"எங் கெழக்குக் காட்டுலதான்" என்றார். "உப்பு முறிக்கட்டும்னு நாந்தான் வருசாவருசம் கெடை போடச் சொல்றேன்."

தானே அழைத்துப் படுக்கவைத்த ஆட்டை மறிக்கத்தான் அந்த மனுஷன் டிராக்டர் டிராக்டராக முள் அடித்திருக்கிறார். முதலில் சிரித்தது தலைவிதான். கட்டுப்போட்ட காலைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். பிறகு பாய், பிறகு கீதாரி. கடைசியில் சின்ன மாமாவும் சிரித்தார். அவர் தன்னைப் பார்த்தே சிரித்து நான் கண்டது அன்றுதான்.

அந்த வருஷம் கிடை மேற்கே கண்மாய்ப் பக்கம் போனது. அங்கே கருவைக்காய் கிடந்தது, குடிக்கத் தண்ணீர் கிடந்தது, கீதாரிக்கும் குறையில்லை. கிழக்குக் காட்டுக்கு உரம் இல்லாமல் போயிற்று. ஏற்கெனவே வெளுத்த நிலம், அதையும் பட்டினி போடுவதா என்று வீட்டில் பெரிய சண்டை. சின்ன மாமா மசியவில்லை. கிழக்கே நிலம் வைத்திருந்த மற்றவர்களையும் வீடு வீடாகப் போய்க் கெஞ்சி, அந்தப் பக்கம் கிடை போடாமல் பார்த்துக்கொண்டார். யாரிடமும் கெஞ்சிப் பழகாத ஆள், அதையும் அதட்டுவது போலத்தான் செய்தார். மாசி, பங்குனி, சித்திரை போயின. கன்றுகள் நின்றன. ஓடை சுத்தமான அன்றே அவர் முள்வாங்கியை அவிழ்த்து பாய் கடை ஆணியில் மாட்டியிருந்தார். "நாம போட்ட முள்ளு இன்னும் உள்ள கெடந்தாலும் கெடக்கும். யாரு கால்ல ஏறுனாலும் இங்கன வந்து எடுத்துக்கிருங்க" என்றார்.

முதல் வருஷம் அதற்கு அவ்வப்போது வேலை இருந்தது. யாராவது ஒரு காலில் நின்றுகொண்டு தட்டியைப் பிடித்தபடி முள் எடுப்பார்கள். இடுக்கி பளபளப்பாகவே இருக்கும். பிறகு வருஷத்துக்கு வருஷம் அந்த வேலை குறைந்தது, துரு ஏறியது. இந்த வருஷ மழையில் கடல் பொங்கியபோது நான் பயந்துகொண்டேதான் போனேன். அலையாத்தி என் தலைக்குமேல் நின்றது. அதன் வேர்களுக்குள் வண்டல் தங்கி, கரை ஒரு முழம் உயர்ந்தே இருந்தது. அறுக்கவில்லை. தலைவியின் கூடையில் இறால் துள்ளியது. எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. மழை இன்னும் தன் இஷ்டத்துக்குத்தான் பெய்கிறது. ஆனால் கிழக்குக் காட்டில் இந்த வருஷம் நெல் பச்சையாகவே நிற்கிறது. கிளம்பும்போது, "நர்சம்மா, அந்த முள்வாங்கிக்குத் தேங்காயெண்ணெ போட்டு வைக்கட்டா? பெரியவரு சாமானு, வீணாப் போகுதே" என்றார் பாய். நான் பதில் சொல்லுமுன் தலைவி, "ஒன்னும் வேணாம் பாய், அது அப்பிடியே கெடக்கட்டும்" என்றாள்.

சின்ன மாமாவால் இப்போது நடக்க முடிவதில்லை. ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு கட்டிலோடு இருக்கிறார். நான் அவர் பாதத்துக்கு மருந்து தடவுகிறேன், இப்போது மறுக்காமல் நீட்டுகிறார். பித்தவெடிப்பெல்லாம் ஆறி, பாதம் குழந்தையின் பாதம்போல மெத்தென்று ஆகிவிட்டது. நல்ல கை இன்னும் பழக்கத்தில் இடுப்பைத் தடவும், அங்கே வெறும் கயிறுதான் இருக்கும். நான் வேலை முடிந்து வந்த சத்தம் கேட்டதும் வாராவாரம் அவர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. நாக்கு குழறினாலும் அந்தக் கேள்வி எனக்குப் புரியும்.

"துரு இருக்கா ஆத்தா?"

"இருக்கு மாமா. நல்லா அப்பிப்போய்க் கெடக்கு."

"அப்பச் சரி" என்று கண்ணை மூடிக்கொள்கிறார்.