நம்பர்தான் தப்பு!

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சிதம்பரம் பக்கத்தில் ஒரு காவல் நிலையத்தில் நடந்தது இது.

எனக்குத் திருப்பாதிரிப்புலியூர். இரண்டு பிள்ளை பெற்ற பிறகு குரூப் ஃபோர் தேர்வுக்குப் படிக்க ஆரம்பித்தவள். அரசியலமைப்புச் சட்டப் பிரிவுகளை நம்பர் நம்பராக எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி, தோசை திருப்பும்போதெல்லாம் மனப்பாடம் செய்வேன். அர்த்தமா? அதை யார் பார்த்தார்கள்! நாலு வட்டத்தில் சரியான வட்டத்தைக் கறுப்பாக்கினால் போதாதா?

என் தம்பி மீன் வண்டி ஓட்டுகிறான். முந்தின நாள் காலை பத்து மணிக்கு அவன் சிதம்பரம் மார்க்கெட்டில் மீன் இறக்கிக்கொண்டிருந்தபோது அங்கே ஓர் அடிதடி. பக்கத்தில் நின்ற பாவத்துக்கு இவனையும் "சும்மா விசாரணைக்குத்தான்" என்று அழைத்துப் போய்விட்டார்கள். சாயங்காலமும் விடவில்லை, ராத்திரியும் விடவில்லை. அம்மா பச்சைத் தண்ணிகூடக் குடிக்காமல் கிடந்தாள்.

மறுநாள் காலை தாய்மாமாவும் நானும் பஸ் பிடித்துப் போனோம். மாமா வழி முழுக்க யாராவது கட்சிக்காரரைப் பிடித்துப் பேசச் சொல்ல போன் போட்டுக்கொண்டே வந்தார். ஞாயிற்றுக்கிழமை எவர் எடுக்கிறார்!

ஸ்டேஷனில் மேஜையில் இருந்தவர், "இன்னிக்கு கோர்ட்டு லீவு. நாளைக்கு வாங்க" என்று சொல்லிவிட்டார். மாமா கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பினார். எனக்கோ கண்ணுக்கு நேராக எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவு! சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்பது இருபத்தைந்து.

"சார், புடிச்ச இருபத்தி நாலு மணி நேரத்துக்குள்ள மாஜிஸ்ட்ரேட்கிட்ட கொண்டு போவணும். பயண நேரத்தைத்தான் கழிக்கலாம், லீவு நாளைக் கழிக்க முடியாது. ஆர்ட்டிகிள் இருபத்தி மூணு!"

"வாயை மூடுடி, வம்பு ஜாஸ்தி ஆயிடும்" என்று மாமா பல்லைக் கடித்தார்.

ஓரமாக உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்த ஒரு பெண் காவலர் தலையைத் தூக்காமலே, "இருபத்தி மூணு கொத்தடிமை. நீங்க சொல்றது இருபத்தி ரெண்டு" என்றார். எனக்கு மானமே போயிற்று. என் அவசர புத்தியால் தம்பியை இன்னும் மாட்டிவிட்டேனோ என்று பயந்துபோனேன்.

மேஜைக்காரர் சிரித்தார். அந்தப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. நிமிர்ந்து பார்த்து, "நம்பர்தான் சார் தப்பு. அவுங்க சொன்னது கரெக்டு" என்றார்.

அவ்வளவுதான். உள்ளேயிருந்து அதிகாரி வெளியே வந்தார். விட்டேனா நான்? "கைதுன்னா எதுக்குன்னு எழுதிக் குடுங்க சார், வக்கீலைக் கூட்டியாறோம். கைது இல்லன்னா வுட்டுடுங்க."

அவர் என்னைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், உள்ளே போய்விட்டார். பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது, கூப்பிட்டால் வருவதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு என் தம்பி வெளியே வந்தான். பிறகு அந்த வழக்கில் அவன் பெயரே வரவில்லை.

கிளம்பும்போது அந்தப் பெண் காவலருக்குக் கையெடுத்துக் கும்பிட்டேன். "எஸ்.ஐ. எக்ஸாமுக்குப் படிக்கிறேங்க, அதான்" என்று மெதுவாகச் சொன்னார். அவர் தேறினாரோ என்னவோ, நான் அந்த வருடம் தேறவில்லை. இருபத்தி இரண்டைத் தேர்வில் கேட்கவும் இல்லை!

இன்னும் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஒவ்வொரு முறை அந்தப் பிரிவு வரும்போதும், செருப்பில்லாமல் அந்தப் படியிறங்கி வந்து "பசிக்குதுக்கா" என்று என் தம்பி கையைப் பிடித்தது நினைவுக்கு வரும். எத்தனையோ வருடத்துக்கு முன்னால் அதை எழுதியவர்கள், இவனை மனதில் வைத்துக்கொண்டுதான் எழுதினார்களோ என்று தோன்றும்.