பதினெட்டில் ஒன்று

திங்கட்கிழமை காலை ஐந்து மணி நாற்பது நிமிடம். கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது வாசற்படியில் இருந்த ஒரு மங்குத் தட்டு. வெள்ளைப் பூச்சு, விளிம்பில் நீலக் கோடு, ஓரிடத்தில் பூச்சு பெயர்ந்து இரும்பு கறுப்பாகத் தெரிந்தது. தட்டில் இருந்த சோற்றை வாழையிலைத் துண்டு ஒன்று மூடியிருந்தது. பக்கத்தில் அதே நீல விளிம்போடு ஒரு குவளை. இரண்டும் என்னுடையவை அல்ல.

மலாயாவில், பெக்கோக் ரயில் நிலையத்திலிருந்து மாட்டுவண்டித் தடத்தில் உள்ளே போனால் வரும் ரப்பர் தோட்டம் அது. நான் அங்கே கிராணி. விடியற்காலைப் பெரட்டில் ஆட்களின் பெயர் கூப்பிட்டுப் பதிவது, பகலில் அவர்கள் கொண்டுவரும் பாலை நிறுப்பது, மாலையில் கணக்கு எழுதுவது என் வேலை. கல்யாணம் ஆகாதவன் என்பதால் பெரிய கங்காணி வீட்டில் சாப்பாடு. அவர் மனைவியை அக்கா என்று கூப்பிடுவேன். இரண்டு ஆண்டுகளாக அவர்கள் சமையற்கட்டில் அடுப்புக்கு எதிரே உட்கார்ந்துதான் சாப்பிட்டேன். சாப்பாடு என் வாசலுக்கு வந்தது அன்றுதான்.

காரணம் என் முழங்கைகளில் இருந்தது. போன மழைக்காலத்தில் தொடங்கியது. முதலில் சிவந்த வட்டம், பிறகு அதன் மேல் வெள்ளி நிறத்தில் செதில். முழங்கால், முதுகு, தலைமயிரின் ஓரம் என்று ஏறியது. காலையில் பாயைத் தட்டினால் தேங்காய்ப்பூ துருவிய இடம் போலிருக்கும். இரவில் அரிப்பு.

தோட்டத்து மருந்தறையைப் பார்த்துக்கொள்ளும் டிரஸர் அதைப் படை என்று சொல்லி ஒரு மஞ்சள் களிம்பு கொடுத்தார். இலவசம். ஆனால் அது பட்ட வேட்டியும் தலையணையும் கத்தரிப்பூ நிறத்துக்கு மாறின. எத்தனை வெளுத்தும் கறை போகவில்லை. இரண்டு வேட்டி வாங்கிய செலவைச் சேர்த்தால் இலவசம் என்று சொல்ல முடியாது. செகாமட்டில் ஒரு டாக்டர் இரண்டு வெள்ளி வாங்கிக்கொண்டு, தண்ணீரில் சொட்டு விட்டுக் குடிக்க ஒரு மருந்து எழுதினார். அதில் பாஷாணம் இருந்தது. செதில் கொஞ்சம் அடங்கியது, வயிறு அடங்கவில்லை. தோட்ட எல்லையில் இருந்த மலாய்க் கிராமத்துப் பெரியவர், "இது கூராப் லா, படைதான்" என்று சொல்லி, சீமை அகத்தி இலையை அரைத்துத் தேய்க்கச் சொன்னார். பணம் வாங்கவில்லை. இலை எரிந்தது, அவ்வளவுதான். எனக்கு அப்போது மாதச் சம்பளம் நாற்பது வெள்ளி. ஊருக்கு அனுப்பியது போக மிஞ்சுவதெல்லாம் தோலுக்குப் போய்க்கொண்டிருந்தது.

தீபாவளிக்குச் சேலை எடுக்கக் கங்காணி மூவாருக்குக் கிளம்பினார். அங்கே நாட்டு மருந்துக் கடை வைத்திருந்த ஒரு பாய், தோல் வியாதிக்குக் கைராசிக்காரர் என்று பெயர் எடுத்தவர். நானும் சேர்ந்துகொண்டேன். சனிக்கிழமை போய் அங்கே தங்கி, ஞாயிறு காலை அவர் கடையில் நின்றேன். கங்காணி பக்கத்து ஜவுளிக்கடைக்குப் போயிருந்தார்.

"சட்டையக் கழட்டுங்க தம்பி" என்றார் பாய். ஒரு செதிலை நகத்தால் மெல்லப் பெயர்த்தார். அடியில் ஊசிமுனை அளவுக்கு இரத்தப் புள்ளிகள் வந்தன. அதைப் பார்த்ததும் தலையை ஆட்டினார்.

"காளாஞ்சகப் படை. பதினெட்டு வகைக் குட்டத்துல இது ஒண்ணு."

நான் கடைக்கு வெளியே பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். கடை முன் நடைபாதையான அஞ்சடியில், துணிப் பொட்டலத்தோடு, கங்காணி வந்து நின்றிருந்தார்.

"மூஞ்சி ஏன் வெளுக்குது?" என்றார் பாய். "பழைய வைத்தியத்துல தேமல், சொறி, சிரங்கு எல்லாத்துக்கும் குட்டம்னுதான் பேரு. பதினெட்டும் ஒண்ணு இல்ல. நீங்க நினைக்கிறது வேற. இது தொத்தாது, விரலத் தின்னாது. அரிக்கும், உதிரும், மானத்த வாங்கும், அம்புட்டுத்தான்."

அவர் இதைச் சொல்லி முடித்தபோது அஞ்சடியில் கங்காணி இல்லை.

மருந்து வெட்பாலைத் தைலம். இலை பச்சையாக இருக்கும்போதே எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால்தான் நிறம் இறங்குமாம். அதனால் நாகப்பட்டினத்தில் தயாரித்துக் கப்பலில் வரும். போத்தல் பன்னிரண்டு வெள்ளி.

"பன்னிரண்டா? அந்தக் காசுக்கு நானே கப்பலேறிப் போய் வாங்கிட்டு வந்துடலாம் போலிருக்கே, பாய்."

"போயிட்டு வாங்க. வர்றப்ப எனக்கும் ரெண்டு போத்தல் எடுத்துட்டு வாங்க."

பிறகு ஏணி வைத்து ஏறி, மேல்தட்டின் மூலையிலிருந்து ஒரு போத்தலை எடுத்துத் துடைத்தார். வெளிச்சத்தில் பிடித்தபோது ஊதா நிறம். "உங்களுக்கு இத ஆறு வெள்ளிக்குத் தரேன்."

"ஏன், கெட்டுப்போச்சா?"

"கெடாது. மீதி ஆறு முன்னாலயே வந்துருச்சு. பெக்கோக் பக்கத்துலேருந்து ஒருத்தர், உங்கள மாதிரி கிராணிதான், இதே படையோட வந்தாரு. ஆறு வெள்ளி முன்பணம் குடுத்துட்டுப் போனாரு. சரக்கு கப்பல்ல வந்தப்ப ஆளக் காணோம். ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு. அவரு பணம் என்கிட்ட ஏன் கிடக்கணும்?"

"ஊருக்குப் போயிருப்பார்."

"ஆறு வெள்ளி குடுத்தவன் சொல்லாமப் போவானா தம்பி?"

எனக்கு முன்னால் என் அறையில் இருந்த கிராணி ஜொகூருக்குப் போய்விட்டார் என்று தோட்டத்தில் சொல்வார்கள். வேறு வேலை கிடைத்துப் போயிருப்பார் என்று எடுத்துக்கொண்டிருந்தேன். இவர் அவராக இருக்கலாம் என்று தோன்றியது. ஆறு வெள்ளி கொடுத்துப் போத்தலை வாங்கிக்கொண்டேன்.

திரும்பும்போது மோட்டார் பஸ்ஸில் கங்காணி கடைசி இருக்கைக்குப் போனார். ரயிலில் வேறு பெட்டியில் ஏறினார். அசதியாக இருக்கும் என்று நினைத்தேன்.

மறுநாள் காலைதான் அந்தத் தட்டு. சோற்றைத் தொடாமல் தட்டை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுப் பின்கட்டுக்குப் போனேன். அக்கா கதவைப் பாதி சாத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இது யாரு தட்டுக்கா?"

"நல்லாக் கழுவித்தான் வச்சேன், தம்பி."

"அது சரி, யாருது?"

"முந்தி இருந்த கிராணியோடது. ஜொகூருக்குப் போனாரே."

"போறவர் தட்ட விட்டுட்டா போனார்?"

"அங்க போறவங்க ஒண்ணும் கொண்டு போகக் கூடாதாம். அங்கயே குடுப்பாங்களாம்." என் கையிலிருந்த தட்டைப் பார்த்தாள். "பெரிய வியாதிக்காரங்கள வைக்கிற எடம் தம்பி அது. உங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரிந்திருக்கவில்லை. இரண்டு ஆண்டுகளாக 'ஜொகூருக்குப் போனார்' என்பதை வேறு அர்த்தத்தில் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். பாய் சொன்னதை முதலிலிருந்து கடைசிவரை அவளுக்குச் சொன்னேன். பதினெட்டு வகை, அதில் இது வேறு, தொற்றாது என்றேன்.

"பதினெட்டுல எதுவா இருந்தா என்ன தம்பி, பேரு ஒண்ணுதானே" என்றாள். குரலில் கோபம் இல்லை. உள்ளேயிருந்து கங்காணி, "கதவச் சாத்து" என்றார்.

பெரட்டில் ஆட்கள் வழக்கத்தைவிடத் தள்ளி வரிசை பிடித்திருந்தார்கள். பால்வெட்டுப் பெண் ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டாள்: "ஏண்டி, கிராணி தொட்ட பென்சிலுக்கும் அது வருமா?"

"பென்சிலுக்கு வராதுடி, அது எழுதுற பேருக்குத்தான் வரும்."

"அப்ப என் பேர விட்டுடுங்க சாமி!"

வரிசையில் சிரிப்பு எழுந்தது. கங்காணி சிரிக்கவில்லை. என்னிடம் வந்து, ஆனால் இரண்டு கஜம் தள்ளி நின்று, "தொரைகிட்டச் சொல்லிட்டேங்க ஐயா. சொல்லாம இருந்தா என் சோத்துல மண்ணு. வேணும்னு செய்யல" என்றார். வியாழக்கிழமை பெரிய டாக்டர் தோட்டத்துக்கு வரும் நாள். அதுவரை நான் பெரட்டுக்கும் வரக்கூடாது, நிறுவைக்கும் போகக்கூடாது. அதற்குள் டிரஸர் சோதித்து வைக்க வேண்டும். டாக்டர் குஷ்டம் என்ற ஒரு சொல்லை எழுதினால், ஜொகூருக்குக் கொண்டுபோக லாரி வரும். அதில் ஏறிப்போனவர் எவரும் அந்தத் தோட்டத்துக்குத் திரும்பி வந்ததில்லை என்று அன்று மாலைக்குள் மூன்று பேர் தனித்தனியாக எனக்குச் சொல்லிவிட்டார்கள்.

டிரஸரும் நானும் ஒரே பலகை வீட்டின் இரு பாதிகளில் குடியிருந்தோம். நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். மதியம் மருந்தறையில் என்னை உட்காரவைத்துக் கண்ணை மூடச் சொன்னார். கோழி இறகால் வருடினார், குண்டூசியால் தொட்டார், வெந்நீரும் தண்ணீரும் நிரப்பிய கண்ணாடிக் குழாய்களைத் தோலில் வைத்தார்.

"இது?"

"சூடு."

"இது?"

"ஊசி. கொஞ்சம் மெல்லக் குத்துங்க."

"குத்தினாத்தானே சார் நல்லது. தெரியலைன்னாத்தான் ஆபத்து. அரிக்குதா?"

"சுவருக்கு அந்தப் பக்கம் படுக்கறீங்க. கேக்கலியா?"

அவர் சிரித்தார். "கேக்காம என்ன? முந்தினவரும் இப்படித்தான், ராத்திரி பூரா சொறிவாரு. போன மழைக்கு உங்க ரூம்லேருந்து சத்தம் கிளம்புச்சு பாருங்க, அவரு செத்துத்தான் திரும்பி வந்துட்டாருன்னு என் சம்சாரம் ஒரு வாரம் சாம்பிராணி போட்டா. அவரும் இதே மாதிரி..."

அங்கே நிறுத்தினார். நான் கண்ணைத் திறந்தேன். குண்டூசி என் முழங்கைமேல் அப்படியே நின்றிருந்தது.

"குஷ்டம் அரிக்காது" என்றார். எனக்குச் சொன்ன மாதிரி இல்லை.

"அவருக்கு ஊசி வச்சுப் பாத்தீங்களா?"

"அவரேதான் சார் வந்து சொன்னாரு. மூவார் வைத்தியர் குட்டம்னு சொன்னாரு, உங்ககிட்ட மருந்து இருக்கான்னு, இதே வாசல்ல நின்னு கேட்டாரு. சிரிச்ச முகமாத்தான் கேட்டாரு. நான் சட்டையக் கழட்டச் சொல்லல. கிட்டப் போகல." ஊசியைத் தட்டில் வைத்தார். "தொரைகிட்டச் சொல்லணும்ல? குட்டத்துக்கு இங்கிலீஷ்ல எனக்கு ஒரு வார்த்தைதான் தெரியும்."

"டாக்டர் பாக்கலையா?"

"டாக்டர் வர நாள் இருந்துச்சு. தொரை காத்திருக்கல, லாரி முந்திக்கிச்சு. அங்க போனாப் பாப்பாங்கன்னு நினைச்சேன்."

பின்னாளில் சிங்கப்பூரில் பத்திரிகை அலுவலகத்தில் பல ஆண்டுகள் இருந்தேன். ஒரு சொல்லை எங்கிருந்து எடுத்தோம், அது யார் வாய் வழியாக வந்தது என்று கேட்காமல் எதையும் அச்சுக்குக் கொடுக்க அங்கே விடமாட்டார்கள். அந்த மருந்தறையில் நடந்ததை அந்த வழக்கப்படியே பலமுறை அடுக்கிப் பார்த்திருக்கிறேன். பாய் சொன்னது சரி. அந்த மனிதர் திருப்பிச் சொன்னதும் சரி. டிரஸர் துரைக்குச் சொன்ன சொல்லும் அகராதியில் இருப்பதுதான்.

வியாழக்கிழமை டாக்டர் என் முதுகையும் கைகளையும் அரை நிமிடம் பார்த்தார். கங்காணியைக் கூப்பிட்டு, அவருக்குப் புரியட்டும் என்று மலாயில், "புக்கான் கூஸ்தா" என்றார். குஷ்டம் இல்லை. அந்தச் சொல்லை மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. கங்காணி தலைத்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

நான் முந்தைய கிராணியைப் பற்றி டாக்டரிடம் சொன்னேன். டிரஸர் பின்னால் கைகட்டி நின்றார், மறுக்கவில்லை. இறகும் ஊசியும் போதும், அந்த மனிதரை ஒருமுறை சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள் என்றேன். டாக்டர் விசாரிப்பதாகச் சொன்னார்.

அடுத்த நாள் அக்கா என்னைச் சாப்பிடக் கூப்பிட்டாள். என் தட்டு பழைய இடத்தில் இருந்தது. "சூடா இருக்கு, பாத்து" என்றாள். நீல விளிம்புத் தட்டை அவள் திருப்பிக் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. அது என் ஜன்னல் பலகையில் இருந்தது. இரவில் விரல்களில் துணி சுற்றிக்கொண்டு படுக்கப் பழகினேன். அப்படியும் தூக்கத்தில் சத்தம் கேட்டு விழிப்பேன். விளக்கைத் தூண்டி, சொறிந்தது என் கைதான் என்று பார்த்துக்கொண்ட பிறகே மறுபடி கண்ணை மூட முடிந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் டிரஸரும் விழித்திருப்பது இருமலில் தெரியும்.

அடுத்த மாதம் டாக்டர் வந்தபோது மருந்தறை வாசலில் நின்றபடியே சொன்னார். அந்த மனிதர் முந்தின மழைக்காலத்தில் இறந்துவிட்டார். மலேரியா. அங்கே அவரை யாராவது ஊசி வைத்துப் பார்த்தார்களா என்று கேட்டேன். அது தனக்குத் தெரியாது என்றார். முந்தின மழைக்காலம் என்பது என் முழங்கையில் முதல் வட்டம் வந்த காலம். டிரஸரின் மனைவி சாம்பிராணி போட்டதும் அப்போதுதான். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. டிரஸர் தானாகவே கணக்குப் போட்டிருப்பார். தலையைக் குனிந்து குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தார்.

தைலத்தைப் பாய் சொன்னபடி பூசினேன். வெயில் அடிக்கும் காலைகளில் வீட்டுக்குப் பின்னால் சட்டையில்லாமல் உட்கார்ந்தேன். தை பிறந்தபோது செதில் மெலிந்தது. மாசியில் முழங்கைகள் மழமழவென்று ஆயின, நிறம் மட்டும் சற்று வெளிறியிருந்தது. போத்தலும் காலியாயிற்று.

மறுபடி மூவாருக்குப் போனேன். பாய் என் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சந்தோஷப்பட்டார். "அவர எங்கயாச்சும் பாத்தீங்களா தம்பி?" என்று கேட்டார். சொன்னேன். அவர் ஏணியை இழுத்துச் சுவரில் சாய்த்தார். பிறகு ஏறி, புதிதாக வந்திருந்த போத்தல் ஒன்றை எடுத்துத் தாளில் சுற்றினார்.

அதற்கு நான் பன்னிரண்டு வெள்ளி கொடுத்தேன்.