மூக்கன் செய்த தகரக் கிட்டார்

அவனுடைய மூக்கு பெரிது, அதில் சந்தேகமில்லை. ஆள் வாசலில் நுழைவதற்கு முன்னால் மூக்கு நுழைந்துவிடும். ஆனால் பட்டறையில் அவனுக்கு மூக்கன் என்று பெயர் வந்தது அதனால் அல்ல. வருஷக்கணக்கில் கார்களுக்குப் பெயிண்ட் அடித்து, பெயிண்டைக் கரைக்கும் தின்னரும் தேய்த்த பட்டியின் தூசியும் ஏறி ஏறி, அவ்வளவு பெரிய மூக்கு ஒன்றுக்கும் உதவாமல் செத்துப்போயிருந்தது. பக்கத்தில் ரப்பர் எரிந்தாலும் தெரியாது. டிங்கர்க்காரர் ஒருவர் இருந்தார், நசுங்கிய தகரத்தை அடித்து நிமிர்த்துவது அவர் வேலை, ஓய்ந்த நேரத்தில் அடுத்தவனுக்குப் பட்டப்பெயர் வைப்பதும் அவர்தான். இல்லாத சங்கதியைச் சொல்லிக் கூப்பிட்டால்தான் அவருக்கு ருசி.

வீட்டில் அவனுக்கு மூக்காக இருந்தவள் அவன் மனைவி. பால் கெட்டுப்போனதா, அடுப்பில் காஸ் கசிகிறதா, கட்டிலுக்கு அடியில் எலி செத்துக் கிடக்கிறதா, எல்லாம் அவள் சொல்லித்தான் அவனுக்குத் தெரியும். "உங்க மூக்கை என் மூஞ்சியில வச்சுட்டு நீங்க கையை வீசிக்கிட்டுத் திரியுறீங்க" என்பாள். அவளுக்கு இளைப்பு நோய். தையல் கம்பெனியில் பல வருஷம் உட்கார்ந்து பஞ்சுத் தூசியை விழுங்கியதில் வந்தது. அவனுக்கு வேலை மூக்கைத் தின்றது, அவளுக்கு நெஞ்சைத் தின்றது. கடைசியில் கம்பெனிக்காரர்களே வீட்டில் இரு என்று சொல்லிவிட்டார்கள்.

பெயிண்ட் நெடி பட்டால் அவளுக்கு மூச்சு அடைத்துக்கொள்ளும். அதனால் அந்த ஒற்றை அறை வீட்டுக்கு ஒரு சட்டம் இருந்தது. வேலைச் சட்டை வாசற்படி தாண்டக் கூடாது. அதற்கு வெளிச்சுவரில் ஓர் ஆணி. பட்டறையிலிருந்து வந்ததும் அவன் சட்டையை அதில் மாட்டிவிட்டு, வெளிக்குழாயில் சோப்புப் போட்டுக் குளித்து, கொடியில் கிடக்கும் சுத்தமான சட்டையை மாட்டிக்கொண்டு, வாசற்படிக்கு இந்தப் பக்கம் நின்று காலரை இழுத்து நீட்டுவான். அவள் உள்ளேயிருந்து குனிந்து முகர்ந்து பார்ப்பாள். "ம், வாங்க" என்றால் உள்ளே போகலாம். "லேசா வருது" என்றால் மறுபடியும் குழாயடிதான். குளிர் நடுக்கும் நாளிலும் அவன் முணுமுணுத்ததில்லை. ஒரு தடவைகூட அவள் அவனுக்காகப் பார்த்துச் சலுகை காட்டியதுமில்லை.

ரோட்டுப் புழுதி வரும் என்று ஜன்னலைச் சாத்தியே வைத்திருந்தார்கள். பகல் முழுக்க அவள் அந்த அறைக்குள்தான். "நான் சுவரைப் பாக்குறேன், சுவர் என்னைப் பாக்குது. ரெண்டு பேருக்கும் பேச்சு தீந்துபோச்சுங்க" என்று ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னாள். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. இவள் மூச்சு முட்டிச் சாகாவிட்டால் வாழ்க்கை முட்டிச் செத்துவிடுவாள் என்று பயந்தான்.

சின்ன வயதில் அவளுக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியும். அவளுடைய அண்ணன் ஒரு கிட்டார் வைத்திருந்தார். தொட்டால் முதுகு பழுத்துவிடும் என்று மிரட்டிய அதே அண்ணன், அவள் திருட்டுத்தனமாக வாசிப்பதை ஒருநாள் ஒட்டுக்கேட்டுவிட்டு, உட்கார வைத்து மீதியைச் சொல்லிக் கொடுத்தாராம். கல்யாணத்தோடு அதெல்லாம் நின்றுபோயிற்று. இப்போது தூக்கம் வராமல் படுத்திருக்கும்போது அவள் இடதுகை விரல்கள் கட்டில் சட்டத்தில் எதையோ அழுத்தி அழுத்தி எடுப்பதை அவன் கவனித்திருந்தான்.

கிட்டார் ஒன்றை அவனே செய்து கொடுப்பது என்று முடிவு செய்தான். பட்டறையில் டப்பாவுக்கா பஞ்சம்? ஆனால் தின்னர் டப்பாவை அவன் தொடவே இல்லை. என்ஜின் ஆயில் வந்த சதுர டப்பா ஒன்றை எடுத்து, சுடுதண்ணீரும் சோப்புத் தூளும் போட்டு உலுக்கி உலுக்கிக் கழுவி, வெயிலில் காயவைத்து, முதலில் அவளிடம்தான் கொண்டுபோனான். அவள் முகர்ந்து பார்த்து, "சோப்பு வாசம்தான் வருது. என்னத்துக்கு இது?" என்றாள். "பொறு" என்று மட்டும் சொன்னான்.

உடைந்த லாரிப் பலகையைச் செதுக்கிக் கழுத்து செய்தான். சைக்கிள் ஆரக்கம்பிகளை வெட்டி, விரல் அழுத்தும் படிகளாகக் கழுத்தில் குறுக்காகப் பதித்தான். பிரேக் கேபிளைப் பிரித்து, மெல்லிய இழையைத் தனியாகவும் தடித்த தந்திக்கு இழைகளை முறுக்கியும் இழுத்துக் கட்டினான். முறுக்கிச் சுருதி வைக்கத் தலைமாட்டில் போல்ட்டும் நட்டும். டப்பாவின் முகத்தில் வட்டமாக ஓட்டை போட்டு, விளிம்பு அவள் கையைக் கிழிக்காமல் இருக்க உப்புத்தாளால் தேய்த்தான். "என்னடா மூக்கா, ஆயில் டப்பாவுக்குக் கழுத்து வச்சிட்ட. கை கால் எப்ப வைக்கப் போற?" என்றார் டிங்கர்க்காரர். அவருக்குப் பதில் சொல்லி ஜெயித்தவன் யார்?

அவள் அதை மடியில் வைத்துத் தந்தியைத் தட்டியதும் அறை முழுக்கத் தகரம் அலறியது. அவள் சிரித்த சிரிப்பில் இருமல் வந்து, கண்ணில் தண்ணீர் வந்து, இருமல் நின்ற பிறகும் சிரித்தாள். "தப்பா நினைக்காதீங்க. மழைக்குத் தகரக் கூரைக்கடியில உக்காந்த மாதிரி இருக்கு." அவனும் சிரித்தான். ஆனால் முகம் சுண்டிப்போயிற்று, அதை அவள் பார்த்துவிட்டாள்.

மறுநாள் கார்க் கதவு ஒன்றைச் சாத்தும்போது அவனுக்குப் பொறி தட்டியது. அதுவும் தகரம்தானே, ஏன் அலறுவதில்லை? கதவின் உள்பக்கத்திலும் வண்டியின் அடிவயிற்றிலும் தார் போலக் கறுப்பாக ஒரு பூச்சு அடிப்பார்கள். துரு பிடிக்காது, சத்தத்தையும் அமுக்கிவிடும். அடித்து அடித்து அவனுக்குக் கை தழும்பேறிய வேலை. கிட்டாரை மறுபடி பட்டறைக்கு எடுத்துவந்து, பூச்சைத் தின்னரில் கரைத்து, ஓட்டை வழியாக டப்பாவுக்குள் ஊற்றி, எல்லாச் சுவரிலும் படும்படி உருட்டிச் சாய்த்தான். ஒரு பூச்சு போதும். அவளுக்காயிற்றே என்று மேலே மேலே ஊற்றிக் கனமாக்கினான்.

பட்டறை முற்றத்தில் அதை வெயில் படத் தொங்கவிட்டு, தினமும் விரலை உள்ளே விட்டுப் பார்த்தான். விரலில் கறை ஒட்டாத நாள் வந்தது. கனமான பூச்சு மேலே தோல் கட்டிக்கொண்டு உள்ளே காயாமல் பச்சையாகவே கிடக்கும் என்பது பெயிண்டர்கள் எல்லோருக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். அதனால்தான் விரலால் தொட்டுப் பார்த்த பிறகு முகர்ந்தும் பார்ப்பார்கள். டிங்கர்க்காரரை முகரச் சொல்லியிருக்கலாம். சொன்னால் சாயங்காலம்வரை வாயை மூடமாட்டார். வீட்டில்தான் மூக்கு இருக்கிறதே என்று கொண்டுபோனான்.

குளித்து முடித்து, வாசற்படிக்கு இந்தப் பக்கம் நின்று, காலருக்குப் பதில் கிட்டாரை நீட்டினான். "வாசம் வருதா பாரு. வந்தா எடுத்துட்டுப் போயிடுறேன்."

அவள் ஓட்டையில் மூக்கை வைத்தாள். வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் வைத்திருந்தாள். பிறகு நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள்.

"வரல" என்றாள். "குடுங்க."

சத்தம் அடங்கி, கனிந்து வந்தது. அவள் விரல்கள் முதலில் தடுமாறி, பிறகு வழி கண்டுபிடித்துக்கொண்டன. அண்ணன் சொல்லிக் கொடுத்த மெட்டு ஒன்றை முழுதாக வாசித்துவிட்டு, தகரத்தின்மேல் கன்னத்தை வைத்துக்கொண்டாள். மூக்கனுக்கு அழுகை வந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கென்று அவன் செய்தவற்றில் உருப்படியான ஒன்று என்றால் இதுதான் என்று நினைத்தான்.

அதிலிருந்து பகலெல்லாம் அவளுக்கு அதுதான் துணை. ஓட்டைக்கு நேர்மேலே முகத்தைக் கவிழ்த்து வாசிப்பாள். வாசிக்காத நேரம் அது கட்டிலின் தலைமாட்டில் தொங்கும். இளைப்பு மெல்ல மெல்ல ஏறியது. பேச்சு பாதியில் நின்றது, படுக்க முடியாமல் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினாள். ரோட்டில் பள்ளம் தோண்டுகிறார்களே, அந்தப் புழுதிதான் என்று மூக்கன் அடித்துச் சொன்னான். ஜன்னல் இடுக்குகளில் காகிதம் ஒட்டினான். கதவுக்கு அடியில் பழந்துணியைச் சுருட்டித் திணித்தான். வேலை சுத்தமாக இருந்தது. வெளிக்காற்று துளிகூட உள்ளே வர வழியில்லை.

ஒருநாள் அவன் குளித்துவிட்டு வந்து காலரை நீட்டியபோது அவள் எழுந்து வரவில்லை. உதடு நீலம் பாய்ந்து கட்டிலில் சரிந்து கிடந்தாள்.

ஆஸ்பத்திரியில் முகத்தில் மாஸ்க் மாட்டிக் காற்று வைத்தார்கள். டாக்டரம்மா கேட்டார், "வீட்டுல புகை, பெயிண்ட், கெமிக்கல் ஏதாவது இருக்கா?"

"நான் பெயிண்டர்தாங்க. ஆனா சட்டையைக்கூட உள்ள கொண்டுபோக மாட்டேன். இவகிட்டயே கேளுங்க, இவதான் மோந்து பாத்து உள்ள விடுவா." அந்த நேரத்திலும் அவன் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

டாக்டரம்மா அவளைப் பார்த்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

வெளியூரிலிருந்து அவளுடைய அக்கா வந்து சேர்ந்தாள். மாற்றுத் துணி எடுக்க அக்காவைக் கூட்டிக்கொண்டு மூக்கன் வீட்டுக்குப் போனான். கதவைத் திறந்ததும் அக்கா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினாள்.

"என்ன மாப்பிள இது, உள்ள பெயிண்ட் கடையே வச்சிருக்கீங்களா?"

"இங்கயா? இல்லக்கா, என் சட்டை வெளியில தொங்குது பாருங்க. அந்த வாசமா இருக்கும்."

"சட்டையும் இல்ல கிட்டையும் இல்ல. உள்ளேருந்து அடிக்குது, கண்ணு எரியுது எனக்கு." கட்டில் பக்கம் போனவள் தலைமாட்டில் தொங்கியதைக் காட்டினாள். "இதுலேருந்துதான்."

பக்கத்து வீட்டுப் பெண்ணும் வாசலில் வந்து நின்றாள். "ஆமாண்ணே, கொஞ்ச நாளாவே வருது. உங்க சட்டை வாசம்னு நினைச்சு விட்டுட்டேன்."

அவன் கிட்டாரை இறக்கி, ஓட்டைக்குள் விரலை விட்டு அழுத்தினான். தோல் கிழிந்தது. விரல் முழுக்கக் கறுப்பாக, பிசுபிசுவென்று வந்தது. மூக்கில் வைத்துப் பார்த்தான். அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. தண்ணீரை முகர்ந்து பார்த்தது போலத்தான் இருந்தது.

அந்த விரலோடுதான் ஆஸ்பத்திரிக்கு ஓடினான். அவள் பார்த்தாள். மறைக்க இனி ஒன்றுமில்லை என்று தெரிந்தவளாக மாஸ்க்கைக் கொஞ்சம் விலக்கினாள்.

"வாசம் வந்துச்சா?"

"வந்துச்சு."

"ஏன்டி சொல்லல?"

"ஒரு தடவை... சிரிச்சதுக்கே உங்க மூஞ்சி அப்படிப் போச்சு." மூச்சு வாங்கினாள். "ரெண்டு நாள்ல போயிடும்னு நினைச்சேங்க. அப்புறம்... எடுத்துட்டுப் போயிடுவீங்களேன்னு இருந்துச்சு."

அவன் அவள் காலடியில் உட்கார்ந்து, கறை ஒட்டாத கையால் அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டான். அவள்மேல் கோபம் வந்தது. அந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. மறுநாள் காலை, வெளிச்சம் நன்றாக வந்த பிறகு, அவள் போய்விட்டாள்.

காரியங்கள் முடிந்து அக்கா ஊருக்குத் திரும்பும்போது அந்தத் தகரத்தைத் தூக்கி எறியச் சொன்னாள். அவன் எறியவில்லை. உள்ளேயும் வைக்கவில்லை. வெளிச்சுவரில், வேலைச் சட்டை மாட்டும் ஆணியிலேயே மாட்டிவிட்டான். பட்டறைக்கும் போகத் தொடங்கினான். டிங்கர்க்காரர் அவனை மூக்கன் என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். வேறு எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் கையைத் தட்டிக் கூப்பிட்டார்.

வேலைக்குப் போன முதல் நாள் சாயங்காலம் திரும்பி வந்து, சட்டையைக் கழற்றி மாட்டி, குளித்து, சுத்தமான சட்டையைப் போட்டுக்கொண்டு வாசற்படிக்கு இந்தப் பக்கம் நின்றான். கை தானாகக் காலரை இழுத்து நீட்டியது. உள்ளே யாருமில்லை என்பது அவனுக்குத் தெரியாமல் இல்லை. இருந்தாலும் கால் நகரவில்லை, நின்றுகொண்டே இருந்தான்.

குழாயடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பெண் கையை உதறிக்கொண்டு எழுந்து வந்தாள். தெருவில் யார் பார்க்கிறார்கள் என்று அவள் யோசிக்கவில்லை. கிட்டே வந்து, குனிந்து, அவன் காலரை முகர்ந்தாள்.

"லேசா வருதுண்ணே" என்றாள்.

அவன் தலையாட்டிவிட்டு, சோப்பை எடுத்துக்கொண்டு மறுபடியும் குழாயடிக்குப் போனான்.