வரைபடத்தில் இல்லாத இடம்

புதிய பாடத்திட்டத்தின் புவியியல் புத்தகம் எங்கள் பள்ளிக்கு வந்து சேர்ந்த அன்று எனக்கு வந்தது மகிழ்ச்சி அல்ல, எரிச்சல். ஆரணியில் ஒரு பெண்கள் பள்ளியில் பதினோராம், பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு நான்தான் புவியியல் ஆசிரியை. பல வருடங்களாக ஒரே புத்தகம். எந்தப் பக்கத்தில் எந்தப் படம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். தேர்வும் அப்படித்தான். பருவக்காற்றைப் பற்றி விரிவாக எழுதுக, கரிசல் மண்ணின் பயன்கள் யாவை, இந்திய வரைபடத்தில் தக்காண பீடபூமியைக் குறிக்கவும். எது வரும் என்று எனக்கும் தெரியும், பிள்ளைகளுக்கும் தெரியும். கமண்டல நாகநதியைத் தினமும் தாண்டிப் பள்ளிக்கு வருகிற பெண்கள், அது எந்தத் திசையில் ஓடுகிறது என்று தெரியாமலே புவியியலில் நல்ல மதிப்பெண் வாங்கிப் போனார்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். எங்கள் சுரைக்காய் மார்க்குக்கு உதவியது. அது போதும் என்று நானும் இருந்துவிட்டேன்.

புதிய புத்தகம் அதற்கு வேட்டு வைத்தது. தடியாக இருந்தது, வண்ணப் படங்கள், ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் 'உங்கள் ஊரில் கண்டறிக' என்று ஒரு கட்டம். கேள்விகளும் மாறிவிட்டன. மனப்பாடம் செய்ததை எழுதினால் பாதி மதிப்பெண்கூட வராது என்று பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். அந்தப் பயிற்சி வகுப்பைப் பற்றி என்ன சொல்ல! மூன்று நாள், திரையில் இருந்ததை ஒருவர் எங்களுக்கு வாசித்துக் காட்டினார். எங்களுக்கும் வாசிக்கத் தெரியும். கடைசி நாள் மதியம், எல்லாரும் பையை எடுத்துக்கொண்டிருந்தபோது, முக்கியமான விஷயத்தைச் சொன்னார்: செய்முறைத் தேர்வில் டோபோ ஷீட் உண்டு, வெளிப் பள்ளியிலிருந்து ஒரு தேர்வாளர் வந்து திருத்துவார்.

டோபோ ஷீட் என்பது ஒரு வட்டாரத்தின் மேடு பள்ளம், ஆறு, ஏரி, கோயில், பாலம் எல்லாவற்றையும் நுணுக்கமாகக் காட்டுகிற நிலப்படம். குறுக்கும் நெடுக்குமாக எண் போட்ட கோடுகள் அதன் மேல் ஓடும். ஓர் இடத்தைச் சொல்ல வேண்டுமானால் நிற்கும் கோட்டின் எண்ணை முதலில் எழுத வேண்டும், அது கிழக்கு. படுத்திருக்கும் கோட்டின் எண்ணை அடுத்து எழுத வேண்டும், அது வடக்கு. உலகம் முழுக்க ஒரே முறை. கல்லூரியில் படித்திருக்கிறேன். படித்து எத்தனையோ வருடம் ஆகி, மறந்தும்விட்டது. அதை யாரிடமும் சொல்லவில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் புத்தகத்தைத் திட்டினேன், அரசாங்கத்தைத் திட்டினேன், ஜெராக்ஸ் கடைக்காரரையும் திட்டினேன். கடைக்காரரைத் திட்டியதில் மட்டும் நியாயம் இருந்தது. அவர் கறுப்பு வெள்ளையில் எடுத்துக் கொடுத்த பிரதியில் ஆறு எது, மலைச்சரிவின் கோடு எது என்று கடவுளுக்கே தெரியாது.

புதிய புத்தகம் வந்த முதல் வருடம், பன்னிரண்டாம் வகுப்பில் இருபத்திரண்டு பெண்கள். பாதிக்கு மேல் தறி வீட்டுப் பிள்ளைகள். அவர்களில் ஒருத்தி முள்ளிப்பட்டிலிருந்து வருவாள். அவளுடைய அப்பா பட்டுப்புடவைக்கு டிசைன் போடுகிறவர். கட்டம் போட்ட தாளில் அன்னமும் மாங்காயும் வரைந்து, அதைப் பார்த்து அட்டைகளில் துளை குத்திக் கொடுப்பார். அந்த அட்டைகளை வரிசையாகக் கோத்துத் தறிக்கு மேலே மாட்டினால், புடவையில் அந்த அன்னம் விழும். லீவு நாளில் அட்டை குத்துவது இவள்தான். பத்தாவதில் வாங்கிய மார்க்குக்கு வணிகவியல் குரூப் எடுக்கச் சொன்னார்கள் வீட்டில். இவள் அடம்பிடித்துப் புவியியல் உள்ள குரூப்பில் சேர்ந்தாள். மெட்ராஸில் ஒரு கல்லூரியில் புவியியல் பட்டம் படிக்க வேண்டும், பிறகு நிலம் அளக்கிற வேலைக்குப் போக வேண்டும் என்று அவளுக்கு ஆசை.

"எங்கப்பா என்ன சொல்லியிருக்காருன்னா, ஜியாகரபில எல்லாத்தையும்விட அதிகமா மார்க்கு வாங்குனா மெட்ராஸ் அனுப்புறேன், இல்லன்னா ஊர்லயே எதனா படிச்சிகினு கெடன்னுட்டாரு மிஸ்" என்று ஒருநாள் சொன்னாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அது விளையாட்டுப் பேச்சில்லை என்று எனக்குத் தெரிந்தது.

கோடுகளும் எண்களும் வகுப்புக்குப் பிடிபடவே இல்லை. இரண்டு வாரம் தொண்டை கிழியக் கத்தினேன். ஒருநாள் அவள் அப்பா வரைந்த டிசைன் தாள் ஒன்று அவள் பையிலிருந்து எட்டிப் பார்த்தது. வாங்கிப் பார்த்தேன். குறுக்கும் நெடுக்குமாகக் கோடு, நடுவில் கட்டம், கட்டத்தில் புள்ளி. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. தாளைத் தூக்கிக் காட்டி, "இத பாருங்கம்மா, இதுவும் அதுவும் ஒண்ணுதான். உங்க வீட்ல தினமும் பார்க்குற சமாச்சாரம். இதுக்குப் போயா பயந்துகினு இருந்தீங்க?" என்றேன். வகுப்பில் ஒரு 'அட!' எழுந்தது. மறுநாளே வேகம் வந்துவிட்டது. கோயில் எங்கே என்றால் விரலை வைத்தார்கள். கிழக்கு எத்தனை என்றால் நாற்பத்தைந்து. வடக்கு எத்தனை என்றால் எழுபத்திரண்டு. தலைமை ஆசிரியையிடம் போய் என் சாமர்த்தியத்தைப் பற்றி நானே பெருமை அடித்துக்கொண்டேன்.

என் வீட்டில் தறி கிடையாது. கண்ணமங்கலம் எனக்கு, அப்பா மிஷன் பள்ளி வாத்தியார், அம்மாவுக்குக் கொஞ்சம் நிலம். டிசைன் தாளை எப்படிப் படிப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்பதும் எனக்குத் தெரியாது.

ஒரு சாயங்காலம் பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருந்தேன். அவள் பள்ளி வாசலில் நோட்டும் கையுமாக வழிமறித்தாள்.

"மிஸ், ஒரு டவுட்டு. ரெண்டு நம்பரையும் சேர்த்து எழுதச் சொல்லோ எது மிஸ் முன்னாடி வரும்?"

"உங்க வீட்டு டிசைன் தாள்ல எப்படிப் படிப்பீங்களோ அப்படித்தாம்மா" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். உட்கார இடமும் கிடைத்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நன்றாகப் படிக்கிற பெண்ணிடம் கொடுத்து மற்றவர்களின் நோட்டைத் திருத்த வைப்பது எங்கள் பக்கத்தில் எல்லா ஆசிரியர்களுக்கும் உள்ள வழக்கம். அந்த வருடம் பயிற்சி நோட்டுகள் முழுவதையும் அவள்தான் திருத்தினாள். சிவப்புப் பேனா கொடுத்திருந்தேன். கடைசிப் பக்கத்தில் மட்டும் நான் கையெழுத்துப் போட்டேன். இருபத்திரண்டு நோட்டிலும், ஒன்றையும் பிரித்துப் பார்க்காமல்.

செய்முறைத் தேர்வு அன்று வெளித் தேர்வாளராக வேலூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். அதிகம் பேசாத மனிதர். பிள்ளைகள் எழுதி முடித்து வெளியே போனதும், நானும் அவருமாக ஆய்வறையில் உட்கார்ந்தோம். முதல் தாளைப் பார்த்தார், இரண்டாவதைப் பார்த்தார், பிறகு கட்டு முழுவதையும் மேஜைமேல் பரப்பினார்.

"என்னங்க டீச்சர் இது? பாலம் எங்க இருக்குன்னு கேட்டா, எல்லாப் பொண்ணும் தலைகீழா எழுதி வச்சிருக்கு. நாலாயிரத்து ஐநூத்தி எழுவத்திரண்டு வரணும். ஏழாயிரத்து இருநூத்தி நாப்பத்தஞ்சுன்னு போட்டிருக்காங்க. இந்த ஷீட்லயே அப்படி ஒரு எடம் கெடையாதுங்க."

அவர் அதோடு விடவில்லை. இருபத்திரண்டு பேரும் ஒரே தப்பைச் செய்தால் அதற்கு ஒரே காரணம்தான் இருக்க முடியும், ஒருத்தியைப் பார்த்து மற்றவர்கள் எழுதியிருக்கிறார்கள் என்றார். பயிற்சி நோட்டுகளை எடுத்துப் புரட்டினார். திருத்தியது யார் என்று கேட்டார். சொன்னேன். அவளைக் கூப்பிடச் சொன்னார். காப்பி என்று அவர் எழுதி அனுப்பினால் அவளுடைய தேர்வே ரத்தாகும். மெட்ராஸ், பட்டம், நிலம் அளக்கிற வேலை எல்லாம் அந்த மேஜைமேல்தான் இருந்தன.

அவள் வந்து நின்றாள். எதற்கு அழைத்தோம் என்று புரியவில்லை. அவர் தாளைக் காட்டி, எப்படி இந்த எண் வந்தது, செய்து காட்டு என்றார். அவள் படத்தின் கீழ் ஓரத்திலிருந்து விரலை வரிவரியாக மேலே கொண்டுபோனாள். எழுபத்திரண்டில் நிறுத்தினாள். பிறகு அந்த வரியோடு வலப்பக்கம் நகர்ந்து நாற்பத்தைந்துக்குப் போனாள்.

"அட்டை குத்தச் சொல்லோ இப்படித்தான் சார் படிப்போம். ஒரு வரிக்கு ஒரு அட்டை. எத்தனையாவது வரின்னு மொதல்ல பார்த்துட்டு, அப்பறம்தான் அதுல எத்தனையாவது கட்டம்னு பார்ப்போம்."

தறி வீட்டைச் சேர்ந்த எவளானாலும் அப்படித்தான் படித்திருப்பாள். அவர்கள் வீட்டில் அது சரி. மாற்றிப் படித்தால் புடவை முழுதும் கெட்டுப்போகும். அவர் இன்னும் இரண்டு பெண்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பார்த்தார். அவர்களும் கீழிருந்து வரியைத்தான் எண்ணினார்கள். அவர் முகம் கொஞ்சம் இளகியது. காப்பி இல்லை என்று ஒப்புக்கொண்டார். பிறகு அவளைப் பார்த்து, "இப்படிப் படிக்கணும்னு யாரும்மா சொன்னது?" என்று கேட்டார்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் மேஜையைப் பார்த்தேன். தலைமை ஆசிரியை நினைவுக்கு வந்தார், விளக்கம் கேட்டு வரப்போகிற மெமோ நினைவுக்கு வந்தது, பணிமூப்புப் பட்டியல் நினைவுக்கு வந்தது. பஸ்ஸுக்கு ஓடிய அந்தச் சாயங்காலம் மட்டும் நினைவுக்கு வராததுபோல் உட்கார்ந்திருந்தேன்.

"யாரும் சொல்லல சார். நானாத்தான் அப்படிப் பண்ணிட்டேன். மத்தவங்களுக்கும் நான்தான் சொல்லிக் குடுத்தேன்" என்றாள்.

அவர் ஒரு வெள்ளைத் தாளை அவள் முன்னால் நகர்த்தி, அதையே எழுதித் தரச் சொன்னார். பிற்பாடு யாராவது கேட்டால் காட்ட வேண்டுமே என்றார். அவள் எழுதினாள். கீழே அவள் கையெழுத்து. அதற்கும் கீழே, பள்ளித் தேர்வாளர் என்ற இடத்தில், என் கையெழுத்து. வரைபடக் கேள்விக்கு எல்லாருக்கும் பூஜ்யம். பயிற்சி நோட்டுக்கு உரிய மதிப்பெண்ணில் மற்றவர்களுக்குக் கொஞ்சம் குறைத்தார். தவறாகத் திருத்தியவள் என்பதால் அவளுக்கு முழுவதையும் எடுத்துவிட்டார். அவர் கிளம்பும்போது, டீ சாப்பிட்டுப் போங்கள் சார் என்று மட்டும் சொன்னேன்.

அந்த வாரம் முழுவதும் எனக்கு நானே எத்தனையோ சமாதானம் சொல்லிப் பார்த்தேன். காப்பி என்று போகாமல் தப்பித்தாளே. எழுத்துத் தேர்வில் சேர்த்து வாங்கிவிடுவாள். சின்னப் பெண், மறந்துவிடுவாள். ஒன்றும் ஒட்டவில்லை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து, பொய் சொல்கிற பிள்ளையைக் கண்டால் எனக்குப் பிடிக்காது என்று வகுப்புக்கு வகுப்பு முழங்கிவந்தவள் நான். இனி எந்த முகத்தோடு முழங்குவது?

தேர்வு முடிவு வந்தது. எழுத்துத் தேர்வில், அதாவது புதிய வகைக் கேள்விகளில், அவள்தான் முதல். வரலாறு, பொருளியல், தமிழ் எல்லாவற்றிலும் நன்றாக வாங்கியிருந்தாள். ஆனால் செய்முறையையும் சேர்த்துக் கூட்டினால் அவளுடைய பாடங்களிலேயே குறைந்த மதிப்பெண் புவியியல். அவளுடைய அப்பாவும் சொன்ன சொல்லில் நின்றார்.

மதிப்பெண் பட்டியல் வாங்க வந்தபோது, ஊர்க் கல்லூரியில் வரலாறு கிடைத்திருக்கிறது என்று அலுவலக வாசலில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். நான் அவளை ஆய்வறைக்கு அழைத்துப் போனேன். கதவைச் சாத்தினேன். அப்பாவிடம் நான் வந்து பேசுகிறேன் என்றேன். வேண்டாம் மிஸ், ஃபீஸ் கட்டியாயிற்று என்றாள். எனக்கு அழுகை வந்தது, அடக்கவில்லை.

"தப்பு என்னோடதும்மா. அன்னிக்கு பஸ் அவசரத்துல நான்தான் ஒனக்கு அப்படிச் சொன்னேன். அவர்கிட்ட நான் சொல்லியிருக்கணும்."

"தெரியும் மிஸ்" என்றாள். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அந்தப் பேப்பர எழுதச் சொல்லோ, இப்ப சொல்லிடுவீங்க, இப்ப சொல்லிடுவீங்கன்னு நெனச்சிகினே இருந்தேன் மிஸ். அதுக்குத்தான் மெதுவா எழுதினேன்."